காக்கைப் பாலமும் நான் மாற்றிய எண்ணும்

“எண்ணைத் தொட வேண்டாம் சார், புயலைச் சேர்த்தால் போதும்” என்று எங்கள் குழுவில் இருந்த அந்தத் தம்பி சொன்னதும், நான் “வேண்டாம்” என்று ஒரே சொல்லில் முடித்ததும் இன்னும் மனத்தை விட்டு அகலவில்லை.

நாங்கள் உருவாக்கிக்கொண்டிருந்தது ரோமும் கார்த்தேஜும் கடலில் மோதிய பண்டைய போரைப் பற்றிய ஆட்டம். சோதனை ஆட்டங்களில் எல்லோரும் ரோமுக்குக் குயின்குரீம்கள் என்ற பெரிய போர்க்கப்பல்களை மட்டுமே கட்டி, ஒவ்வொன்றிலும் எதிரிக் கப்பலுக்குள் ஏற உதவும் கோர்வஸ் என்ற பாலத்தைப் பொருத்தி, தவறாமல் வென்றார்கள். கி.மு. 260-இல் சிசிலிக் கரையோரமுள்ள மிலேயில் ரோமானியத் தளபதி டுயிலியஸ் வென்றதும் அப்படித்தான்: காக்கை என்று பொருள்படும் அந்தப் பாலத்தின் அலகு எதிரிக் கப்பலின் தளத்தில் குத்தி நிற்க, காலாட்படை ஏறிவிடும், சுற்றிவந்து மோதுவதில் கார்த்தேஜியர் பெற்றிருந்த தேர்ச்சிக்கு இடமே இருக்காது. நான் பாலத்தின் வலிமையைக் குறிக்கும் எண்ணை மூன்றில் ஒரு பங்கு குறைத்தேன். ஆட்டம் சமநிலைக்கு வந்தது. டிரைரீம்கள் என்ற சிறிய போர்க்கப்பல்களுக்கும் வேலை கிடைத்தது.

அந்தத் தம்பி எடுத்துக்காட்டியது கி.மு. 255-இல் வீசிய புயலை. சிசிலியின் காமரினாவுக்கு அருகே ரோமின் 364 கப்பல்களில் 80 மட்டுமே தப்பின என்கிறார் பண்டைய வரலாற்றாசிரியர் பொலிபியஸ். பாலத்தின் பாரமே கப்பல்களைத் தள்ளாட வைத்திருக்கலாம் என்பது வரலாற்றாய்வாளர்கள் சிலரின் கருத்து. அந்த ஆபத்து இருந்தால் ஆட்டக்காரர் தாமாகவே சில கப்பல்களில் பாலத்தைத் தவிர்த்துக் கலவையான படையைக் கட்டுவார் என்பது அவருடைய வாதம். முப்பது சுற்றுகள் உழைத்துக் கட்டிய படையை ஒரே சுற்றில் பறித்தால் யார் பொறுப்பார்கள் என்பது என்னுடையது. அதை இன்றும் தவறென்று சொல்ல மாட்டேன்.

ஆனால் அதே பொலிபியஸ், கப்பலோட்டிகள் அந்தக் கரையையும் பருவத்தையும் குறிப்பிட்டு எச்சரித்ததையும், தளபதிகள் கேளாமல் போனதையும் எழுதியிருக்கிறார். அப்படியானால் அது பகடை விழுந்த கதையல்ல. முன்கூட்டியே எச்சரித்துவிட்டு, முடிவை ஆட்டக்காரரிடமே விட்டிருக்கலாம். அந்தப் பகுதியை நான் முன்பே படித்திருந்தேன். வெளியீட்டுக்கு நான்கு நாட்களே இருந்தன என்பது உண்மைதான். என் எண் ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருந்தது என்பதும் உண்மை. இவற்றில் எது என்னை மறுக்க வைத்தது என்று என்னால் பிரித்தறிய முடியவில்லை. கி.மு. 241-இல் சிசிலிக்கு மேற்கே ஏகாட்டீஸ் தீவுகளருகே ரோம் வென்றது பாரம் குறைந்த கப்பல்களாலும் பயின்ற துடுப்புக்காரர்களாலும்தான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். எனினும் எங்கள் ஆட்டத்தில் மிலேயை மிலேயைப் போல இனி வெல்ல முடியாது.

அவர் மீண்டும் வற்புறுத்தவில்லை. பிறகு வேறு குழுவுக்கு மாறினார். மாதம், கரை என்று இரண்டே நெடுவரிசைகளில் அவர் தயாரித்த புயல் அட்டவணை என் கணினியில் இருக்கிறது. அதை நான் இன்னும் ஆட்டத்தில் சேர்க்கவில்லை, அழிக்கவும் இல்லை.