திரை பிடிக்கிறவன்

ஏப்ரல் 27, 2025, ஞாயிறு

வாசகர் வட்டக் கூட்டத்துக்கு ஆறு பேர் வந்தார்கள். அதில் இரண்டு பேர் நூலகத்தின் மின்விசிறிக்காக வந்தவர்கள். போன கோடையில் ஓவிய முகாம் நடத்தினோம். எல்லாப் பிள்ளைகளும் அதே இரண்டு மலையையும் நடுவில் அதே சூரியனையும் வரைந்தார்கள், எல்லாருக்கும் சான்றிதழ் கொடுத்து அனுப்பினோம். இந்த வருடம் என்ன என்று பேச்சு வந்தபோது ‘தெருக்கூத்து’ என்று என் வாயில் வந்துவிட்டது.

செய்யாற்றுக்கும் வந்தவாசிக்கும் நடுவில் இருக்கிற ஊர் எங்களுடையது. புரிசைக்கு பஸ்ஸிலேயே போய் வரலாம். 1977-ல் சென்னையில் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவைத் தொடங்கிய ந. முத்துசாமிக்கு வழி காட்டியது, புரிசையில் பரம்பரையாகக் கூத்தாடும் தம்பிரான்களின் கூத்துதான். பட்டணத்து நாடகக்காரர்கள் இங்கே வந்து கற்றுக்கொண்டு போனார்கள். எங்கள் ஊர்ப் பையன் ஒருவனிடம், கூத்தில் கோமாளியாக வருகிற கட்டியங்காரன் யார் தெரியுமா என்று போன வாரம் கேட்டேன். “யூடியூபரா மிஸ்?” என்றான்.

ஏப்ரல் 29, செவ்வாய்

வாத்தியாரைப் போய்ப் பார்த்தேன். கூத்து ஜமாவை நடத்துகிறவரை இங்கே வாத்தியார் என்றுதான் சொல்வோம். முப்பத்தைந்து வருடம் பள்ளியில் பாடம் எடுத்த என்னை அவர் ‘டீச்சரம்மா’ என்பார், நான் அவரை ‘வாத்தியார்’ என்பேன். கேட்பவர்களுக்குக் குழப்பமாக இருக்கும்.

சித்திரையில் போய்க் கேட்டது என் தவறு. திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கிற காலம் இது. பகலில் பிரசங்கியார் வில்லி பாரதம் படித்துக் கதை சொல்வார், இரவில் அதே கதை கூத்தாக நடக்கும். அர்ச்சுனன் தபசு மரம் ஏறுவது, படுகளத்தில் மண்ணால் செய்த துரியோதனன் படுத்துக் கிடப்பது, கடைசியில் தீமிதி. அவருக்கு மாதத்தில் பாதி ராத்திரி தூக்கமில்லை.

“பத்து நாள்ல இன்னா டீச்சரம்மா வரும்? நிக்க வரும். அவ்ளோதான்” என்றார்.

ஒரு சின்ன நாடகமாவது போடலாமே, கர்ண மோட்சம் மாதிரி, என்று கேட்டேன். தலையில் அடித்துக்கொண்டார். கர்ண மோட்சத்தைக் காரியத்துக்கு வைக்கிற பழக்கம் இந்தப் பக்கம் உண்டு. சின்னப் பிள்ளைகளை வைத்து அதைப் போட்டால் முதல் நாளே பாதிப் பேரைப் பெற்றவர்கள் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். சரி, அபிமன்யு? “அதுவும் சாவுதான். பாரதத்துல சாவாம கீறவன் யாரு?”

அப்புறம் கொஞ்ச நேரம் வெற்றிலையை மென்றுவிட்டு அவரே சொன்னார்: “கதை வேணாம். திரைக்குப் பின்னாலேர்ந்து வெளியே வர்றதுக்குக் கத்துக்குடுக்கிறேன். அது வந்துட்டா கதை தன்னால வரும்.”

அவருக்கும் மத்தளம், ஆர்மோனியம், தாளம் வாசிக்கிற மூன்று பேருக்கும் சேர்த்து 18,000 ரூபாய் பேசினோம். வசூலானது 11,500. மீதியை எப்படியாவது பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

மே 1, வியாழன்

இடம் முடிவானது. மூடிக் கிடக்கிற ரைஸ் மில்லின் நெல் காயவைக்கிற களம். கோயில் வாசலில் வைத்தால் என்ன, பந்தல்கூட இருக்கிறதே என்று இரண்டு பேர் கேட்டார்கள். அங்கே வைத்தால் காலனிப் பிள்ளைகள் வரமாட்டார்கள். கேட்டவர்களுக்கும் அது தெரியும். நான் அதைச் சொல்லாமல், களம் பெரிசு, பிள்ளைகள் ஓடியாட வசதி என்றேன். அவர்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். இந்த ஊரில் பாதி விஷயம் இப்படிச் சொல்லாமலேதான் நடக்கிறது, அல்லது நடக்காமல் போகிறது.

மே 2, வெள்ளி

முதல் நாள், முப்பத்தொரு பிள்ளைகள். சின்னவனுக்கு ஒன்பது வயது, பெரியவர்கள் பிளஸ் டூ எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிறவர்கள். காலை பத்து மணி என்று அறிவித்திருந்தேன். சிமென்ட் தரையில் கால் வைக்க முடியவில்லை. இரவல் வாங்கிய வந்தவாசிக் கோரைப்பாய்களை விரித்தோம், குதிக்கக் குதிக்க அவை சுருண்டு வந்தன. நாளையிலிருந்து சாயங்காலம் நான்கரைக்கு என்று மாற்றியாகிவிட்டது.

வாத்தியார் வந்தபோது காதுக்குப் பின்னாலும் கழுத்து மடிப்பிலும் சிவப்பு ஒட்டியிருந்தது. ராத்திரி துரியோதனன் கட்டியிருக்கிறார். விடிந்து தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டு, இரண்டு மணி நேரம் படுத்துவிட்டு வந்திருக்கிறார். பிள்ளைகள் அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முழுக்க நிற்கிற பாடம்தான். கால் அகட்டி, முட்டி மடித்து, முதுகு நிமிர்த்தி. ஐந்து நிமிஷத்தில் எல்லாத் தொடையும் நடுங்கியது. இரண்டு பேர் தண்ணீர் குடிக்கப் போனவர்கள் திரும்பி வரவில்லை.

மே 4, ஞாயிறு

அக்னி நட்சத்திரம் தொடங்கியது. அதற்கு மேல் இன்று எழுத ஒன்றுமில்லை. இருபத்தாறு பேர்.

மே 5, திங்கள்

இன்று கட்டை பற்றி. கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம் எல்லாவற்றையும் பழைய தகரப் பெட்டியில் கொண்டுவந்திருந்தார். அத்தனையும் கல்யாண முருங்கை மரம். பார்த்தால் பத்து கிலோ இருக்கும் போலத் தெரிகிறது, கையில் எடுத்தால் பஞ்சு. மேலே கண்ணாடிச் சில்லும் கலர் காகிதமும் ஒட்டி, பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் மின்னுவதற்காகச் செய்தது. இப்போது எல்.இ.டி. விளக்கில் கண் கூசுகிறது.

பிள்ளைகளுக்கு அட்டையில் செய்து கொடுக்கலாம் என்று பழைய ஃபிரிட்ஜ் பெட்டிகளைச் சேர்த்து வைத்திருந்தேன். வாத்தியார் ஒன்றை எடுத்து வெட்ட ஆரம்பித்தார். தோளுக்குப் பக்கத்தில் கட்டுகிற புஜக்கட்டை ஏன் இவ்வளவு அகலம் என்று ஒரு பெண் கேட்டாள். “கடைசி வரிசையில தூங்கிக்கினு கீறவன் கண்ணைத் தொறந்தா, ஆளு பெரிசாத் தெரியணும்ல?” என்றார். புத்தகங்களில் இதற்கு வேறு விளக்கங்கள் படித்திருக்கிறேன். எனக்கு இதுதான் சரியாகப் படுகிறது.

மே 6, செவ்வாய்

வாத்தியார் வரவில்லை. பக்கத்து ஊரில் படுகளம். ஆர்மோனியக்காரர் மட்டும் வந்து பாட்டுச் சொல்லிக்கொடுத்தார். மைக் இல்லாத காலத்தில் ஊர்க் கோடி வரைக்கும் கேட்பதற்காக ஏறிய சுருதி, இன்றும் இறங்கவில்லை. பையன்களுக்குத் தொண்டை உடைகிற வயது. ஓநாய்க் கூட்டம் போல இருந்தது.

ஒரு பெண்ணுக்கு மட்டும் குரல் அப்படியே மேலே போய் நின்றது. பிளஸ் டூ எழுதியவள். ஆர்மோனியக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

மே 7, புதன்

அவளுக்குத் துரியோதனன். வாத்தியார் ஒரு வார்த்தை யோசிக்கவில்லை, “அவகிட்டதான் தொண்டை கீது” என்று முடித்துவிட்டார். நான்தான் வீட்டுக்குப் போய்ப் பேச வேண்டி வந்தது. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் புஞ்சரசந்தாங்கலில் ஒரு கட்டைக்கூத்து (இதே கூத்துதான்) குருகுலம் 2020 வரை நடந்தது, அங்கே பெண்பிள்ளைகள் எல்லா வேஷமும் கட்டினார்கள், விடிய விடிய ஆடினார்கள் என்றெல்லாம் அவள் அப்பாவிடம் சொன்னேன். அவர் டிவியைப் பார்த்துக்கொண்டே கேட்டார். எல்லையில் குண்டு போட்ட செய்தி ஓடிக்கொண்டிருந்தது. அவள் அம்மாவுக்கு ஒரே ஒரு சந்தேகம்தான்: காலேஜுக்கு போட்டோ எடுக்கணும், அந்தச் சிவப்பு போய்விடுமா? போய்விடும் என்று சொல்லிவிட்டு வந்தேன். வாத்தியார் காது நினைவுக்கு வந்தது.

மே 8, வியாழன்

பிளஸ் டூ ரிசல்ட். துரியோதனன் நல்ல மார்க். மிட்டாயோடு வந்தாள்.

ரிசல்ட்டுக்குக் காத்திருந்தவர்களில் ஒரு பையனைக் காணோம். கட்டியங்காரனுக்குப் பேசி வைத்திருந்தவன். கட்டியங்காரன்தான் கூத்தில் காவல்காரன், கோமாளி, ராஜாவையே கேலி செய்கிறவன். கதையை விட்டு வெளியே வந்து உள்ளூர் வம்பையும் பேசலாம். இவனுக்கு அந்த வாய் இருந்தது. கணக்கில் போய்விட்டதாம்.

ஆறு மணிக்கு வந்தான். யாரிடமும் பேசாமல் மில் சுவர் ஓரமாக உட்கார்ந்தான். நான் எழுந்து போவதற்குள் வாத்தியார் அவனைக் கூப்பிட்டு, திரையின் ஒரு முனையைக் கையில் கொடுத்துவிட்டார். “புடி. நான் சொல்ற வரைக்கும் எறக்காத.”

எனக்குக் கொஞ்சம் கோபம்தான். பேச வந்த பையனைத் துணி பிடிக்க வைக்கிறாரே என்று. அவன் பிடித்துக்கொண்டு நின்றான். திரை உயரத்துக்கு முகம் மறைந்துவிடுகிறது என்பதை அப்புறம்தான் கவனித்தேன்.

மே 9, வெள்ளி

ஐ.பி.எல்.லை ஒரு வாரத்துக்கு நிறுத்திவிட்டார்கள். சாயங்காலம் களத்தைச் சுற்றி நாற்பது ஆண்கள் நின்றார்கள். இரண்டு பேர் வெளியிலிருந்தே அடவைத் திருத்தினார்கள். ஒருவர் சின்ன வயதில் திரௌபதி கட்டியவராம். இருபது வருடமாக அதே தெருவில் காய்கறி வாங்குகிறேன், எனக்கு இது தெரியாது.

திரை பற்றி எழுத வேண்டும். இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொள்வார்கள். பின்னால் வேஷக்காரர் நிற்பார். கிரீடத்தின் நுனியும் கீழே சலங்கைக் காலும்தான் நமக்குத் தெரியும். உள்ளேயிருந்தே விருத்தம் பாடுவார், திரையைப் பிடித்து உலுக்குவார், முகத்தைக் காட்டுவதுபோல் காட்டி மறைத்துக்கொள்வார். மத்தளம் ஏற ஏறக் கூட்டம் நிமிர்ந்து உட்காரும். பெரிய வேஷம் என்றால் இதுவே வெகு நேரம் போகும். எந்த அடியில் திரை விலகுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு தட்டு முந்தினால் சப்பென்று போய்விடும், பிந்தினால் வேஷக்காரர் துணியில் முட்டிக்கொள்வார்.

இன்று எட்டு முறை ஒத்திகை. எட்டு முறையும் அந்தப் பையன் சரியாக விலக்கினான். மறுமுனையில் இருந்தவன் மூன்று முறை பிந்தினான்.

மே 10, சனி

பெரிய கோட்டை விட்டிருக்கிறேன். ஞாயிறு, எல்லாரும் வீட்டில் இருப்பார்கள் என்று நாளைக்கு நிகழ்ச்சி வைத்தேன். நாளை ராத்திரி சித்ரா பௌர்ணமி தொடங்குகிறது. பாதி ஊர் கிரிவலத்துக்குத் திருவண்ணாமலை போகிறது. நிகழ்ச்சிக்குத் தலைமை தாங்க ஒப்புக்கொண்டவரும் போகிறார். அது ஒருவகையில் நல்லதுதான், அவர் மைக்கைப் பிடித்தால் விடமாட்டார்.

இன்னொன்று, இரவு பத்துக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. வாத்தியாரிடம் சொன்னேன். “பத்து மணிக்குத்தான் டீச்சரம்மா எங்க ஆளுங்க முகம் எழுதவே உக்காருவாங்க” என்று சிரித்தார். நகரத்து விழாக்களில் இருபது நிமிஷத்தில் ஆடி முடிக்கச் சொல்கிறார்களாம். அதற்கு இது தேவலையாம்.

மே 11, ஞாயிறு

இப்போது மணி பன்னிரண்டரை. கால் வலிக்கிறது, எழுதாமல் படுக்கவும் மனமில்லை.

நான்கு மணிக்கே முகம் எழுத உட்கார்ந்தார்கள். முத்துவெள்ளை, அரிதாரம், சிவப்பு எல்லாம் தேங்காயெண்ணெயில் குழைத்துத் தேங்காய்ச் சிரட்டைகளில். ஈர்க்குச்சியால் மீசை சுருட்டினார் வாத்தியார். முகவீணைக்காரர் ஒருவரை எங்கிருந்தோ அழைத்து வந்திருந்தார், எழுபதைத் தாண்டியவர். அதை வாசிக்க ஆள் அருகிவிட்டது. ஒரு முழம்கூட இல்லாத அந்தக் குழலிலிருந்து வந்த சத்தத்துக்கு மில் கூரையிலிருந்த புறாக்கள் எல்லாம் பறந்துவிட்டன.

கூட்டம் குறைவாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். நூற்றைம்பது பேர் இருப்பார்கள். கிரிவலம் போகமுடியாத கிழவிகள் எல்லாரும் வந்துவிட்டார்கள். பார்த்துப் பழகியவர்கள் அவர்கள்தானே.

பன்னிரண்டு வேஷம், பன்னிரண்டு முறை திரை. கதை கிடையாது. அர்ச்சுனன் வந்தான், தான் யார் என்று சொன்னான், இரண்டு கிறிக்கி சுற்றினான், போனான். வீமன் அட்டை கதாயுதத்தோடு வந்து அதைக் கூட்டத்தில் விட்டுவிட்டான். ஒன்பது வயது கிருஷ்ணன் விருத்தத்தை மறந்து அழுதான், வாத்தியார் பின்பாட்டிலிருந்து அடியெடுத்துக் கொடுத்தார், அழுதுகொண்டே பாடி முடித்தான். ஆறாவது வேஷத்தில் “எப்பம்மா கதை ஆரம்பிக்கும்?” என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். முன் வரிசைக் கிழவி திரும்பி, “இதான்டா. வாயை மூடு” என்றார்.

துரியோதனன் கடைசி. திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தபோது மைக்காரர் ஒலியைக் குறைத்தார். உலுக்கிய உலுக்கில் திரை கிழியும் என்று பயந்தேன். மத்தளம் ஏறி, நின்று, மறுபடி ஏறியது. எல்லாருக்கும் இதோ என்று தோன்றியது. அந்தப் பையன் விலக்கவில்லை. இன்னும் ஒரு சுற்று. மறுமுனைக்காரன் அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். வாத்தியார் சைகை எதுவும் செய்யவில்லை, அதை நான் பார்த்தேன். பையனாகத்தான் விலக்கினான். களம் முழுக்க ஒரு சத்தம் எழுந்தது. அதை என்ன சொல்வது, மூச்சு மாதிரி.

ஒன்பதே முக்காலுக்கு முடிந்தது. சான்றிதழ் அச்சடித்து வைத்திருந்தேன், கொடுக்க மறந்துவிட்டேன். யாரும் கேட்கவும் இல்லை.

மே 13, செவ்வாய்

கணக்கு முடித்தேன். 4,200 ரூபாய் துண்டு விழுகிறது. டீக்கடைக்காரர் அடுத்த மாதம் தரலாம் என்றார். பாய்களில் நான்கு திரும்பி வரவில்லை.

காலையில் கட்டியங்காரனாகாத பையனின் அம்மா வந்தார். நேற்று சாயங்காலம் வாத்தியாரின் வேனில் ஏறிப் போனவன் இன்னும் வீடு வரவில்லையாம். துணைத்தேர்வுக்கு எழுதிப் போட வேண்டும், நீங்கதான் மிஸ் இதெல்லாம் ஆரம்பிச்சீங்க, என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

வாத்தியாருக்கு போன் போட்டேன். மூன்றாவது தடவைதான் எடுத்தார், குரல் கரகரப்பாக இருந்தது.

“இங்கதான் டீச்சரம்மா கீறான். விடிய விடிய திரை புடிச்சான். இப்பதான் படுத்தான். எழுப்பட்டுமா?”

அவன் அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பத்து மணி வரைக்கும் தூங்கட்டும், அப்புறம் பஸ் ஏற்றி அனுப்புங்கள் என்றேன்.