ஞாயிறு பன்னிரண்டு மணிக்குள் உள்ளே இருக்க வேண்டும்: போர்ஷே சூப்பர்கப்பை பட்ஜெட்டில் பார்ப்பது எப்படி

ஞாயிறு காலை பதினொன்றரைக்கு ஹங்கேரியின் ஹங்கேரோரிங் பந்தயத் தட வாசலில் நிற்கிற வரிசையைப் பார்த்தால் எரிச்சல்தான் வரும். அத்தனை பேரும் டிக்கெட்டுக்குக் காசைக் கொட்டியவர்கள். இன்னும் அரை மணியில் உள்ளே முப்பது போர்ஷே கார்கள் முதல் வளைவை நோக்கி மொத்தமாகப் பாயப் போகின்றன என்பது அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. எஃப்1 மதியம்தானே என்று ஆடி அசைந்து வருகிறார்கள். அந்த டிக்கெட்டில் உருப்படியான அரை மணி நேரம் அதற்குள் முடிந்துவிடும்.

போர்ஷே 911 கார்கள் மட்டுமே ஓடும் பந்தயத் தொடரான சூப்பர்கப் 1993 முதல் நடக்கிறது. ஒரு சீசனுக்கு பொதுவாக எட்டுப் பந்தயம், எல்லாம் எஃப்1-இன் ஐரோப்பியப் பந்தயங்களோடு சேர்த்து. தனி டிக்கெட் கிடையாது, எஃப்1 டிக்கெட்டிலேயே அடக்கம். பெரும்பாலும் வெள்ளி மாலை, எஃப்1 கார்கள் ஓய்ந்த பிறகு பயிற்சி. சனிக்கிழமை, யார் எந்த இடத்தில் தொடங்குவது என்று தீர்மானிக்கும் அரை மணி நேரத் தகுதிச் சுற்று. ஞாயிறு நண்பகலை ஒட்டிப் பந்தயம். பட்ஜெட் இடித்தால் வெள்ளியை விட்டுவிடலாம், சனியை விடக்கூடாது.

ஏன் என்பதற்குக் காரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2021 முதல் 2025 வரை ஓடியது 992 தலைமுறை 911 ஜிடி3 கப்: 4 லிட்டர், ஆறு சிலிண்டர், டர்போ இல்லை, 510 குதிரைத்திறன், எடை ஏறத்தாழ 1,260 கிலோ. எல்லோருக்கும் ஒரே கார், ஒரே மிஷெலின் டயர், சீல் வைத்த எஞ்சின். அணிகள் கைவைக்க முடிந்தது டயர் காற்றழுத்தம், சக்கரக் கோணங்கள், தரையிலிருந்து உயரம், வளைவில் கார் சாய்வதைக் கட்டுப்படுத்தும் ஆன்டி-ரோல் பார், பின் இறக்கை, அவ்வளவுதான். அதனால் முதல் பத்துப் பேர் பெரும்பாலும் ஒரு வினாடிக்குள் அடங்கிவிடுவார்கள். புது டயர் உச்சத்தில் இருப்பது ஓரிரு சுற்றுகள்தான். அந்த நேரம் பார்த்து எவனாவது சரளையில் போய்ச் சிக்கி, ஓட்டத்தையே நிறுத்தும் சிவப்புக் கொடி விழுந்தால் ஞாயிறு பந்தயமே பாழ். பந்தயத்தில் நடுவே நின்று டயர் மாற்றும் பிட் ஸ்டாப் இல்லை, உத்தி என்று ஒன்றும் இல்லை. தகுதிச் சுற்றில் எங்கே நின்றாயோ, முதல் சுற்றில் எத்தனை பேரைத் தாண்டினாயோ, அதுதான் கணக்கு. முதலிடத்துக்கு 25 புள்ளி, இரண்டுக்கு 20, மூன்றுக்கு 17. ஓரிரு பந்தயத்துக்கு மட்டும் வரும் கெஸ்ட் ஓட்டுநர்களுக்குப் புள்ளி கிடையாது, அடுத்தவருக்கு நகர்ந்துவிடும். பட்டியலைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

அந்தக் காரில் சூப்பர்கப் விதிப்படி, பிரேக் போடும்போது சக்கரம் பூட்டாமல் காக்கும் ஏபிஎஸ்ஸும் இருந்ததில்லை, சக்கரம் வழுக்கிச் சுழலாமல் தடுக்கும் டிராக்‌ஷன் கண்ட்ரோலும் இருந்ததில்லை. எஞ்சின் பின் அச்சுக்கும் பின்னால் தொங்குவதால் முன்பக்கம் லேசு. பிரேக்கை அழுத்திக்கொண்டே வளைவுக்குள் நுழைந்தால்தான் முன் டயருக்குப் பிடிமானம் கிடைக்கும். கொஞ்சம் அதிகமாக அழுத்தினால் உள்பக்க முன் சக்கரம் பூட்டிக்கொண்டு நீலப் புகை கக்கும், ரப்பர் ஒரே இடத்தில் தட்டையாகத் தேயும், மீதிப் பந்தயம் முழுக்க ஸ்டீயரிங் நடுங்கும். டயருக்குச் சூடேற்றும் போர்வையும் கிடையாது. குளிர்ந்த டயரோடு முப்பது பேர் ஒரே பிரேக்கிங் புள்ளிக்கு வந்தால் என்ன ஆகும்? ஆகவே எந்தப் பந்தயத்துக்குப் போனாலும் நீண்ட நேர்பாதை முடிந்து பலமாக பிரேக் போடும் இடத்தில் உட்காருங்கள். இத்தாலியின் மோன்சாவில் முதல் ஷிகேன் (இடவலமாக முறுக்கும் குறுகிய வளைவு), பெல்ஜியத்தின் ஸ்பாவில் கெம்மல் நேர்பாதை முடியும் லே கோம்ப், ஹங்கேரோரிங்கில் முதல் வளைவு.

இப்போது பணம். ஷெங்கன் விசா கட்டணம் 2024 ஜூனிலிருந்து 90 யூரோ. ஒரே ஒரு பந்தயத்துக்காக அதைக் கட்டுவது வீண் செலவு. ஸ்பாவும் ஹங்கேரியும் 2023 முதல் அடுத்தடுத்த வாரங்களில் வருகின்றன. நெதர்லாந்தின் ஸாண்ட்வூர்ட்டும் மோன்சாவும் 2023, 2024, 2025 மூன்று ஆண்டுகளிலும் அப்படித்தான் வந்தன. அட்டவணையில் இந்த மாதிரி ஜோடியைப் பிடித்தால் ஒரே விமானச் செலவில் இரண்டு பந்தயம். சில்வர்ஸ்டோன் இருக்கும் ஆண்டுகளில் அதற்கு பிரிட்டன் விசா தனி, அதை மறந்துவிடுங்கள். மொனாக்கோவையும்தான். 3.337 கிலோமீட்டர் சந்தில் 911 அகலத்துக்கு முந்துவதற்கு வழியே இல்லை. நீஸில் தங்கி ரயிலில் போனாலும் இருக்கை விலை கண்ணைக் கட்டும். தயங்காமல் தவிர்க்கலாம்.

ஸ்பாவுக்கு பாரிஸ் வழியாகப் போகிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி, அங்குள்ள தமிழ்க் கடைவீதியான லாச்சப்பல். கார் து நோர் ரயில் நிலையத்திலிருந்து நடை தூரம்தான். ஃபோபூர் சன்-தெனி தெருவில் ஏறினால் கடைப் பலகையெல்லாம் தமிழ். தட்டு நிறையக் கொத்துரொட்டி, மேலே ஊற்ற ஆட்டுக்கறிக் குழம்பு, மரக்கறிக்காரர்களுக்கு இடியப்பமும் சொதியும் கத்தரிக்காய்ப் பாற்கறியும். யாழ்ப்பாணத்துத் தூளின் காரம், ரயில்நிலைய சாண்ட்விச்சில் செத்துப்போன நாக்கை எழுப்பிவிடும். விலையும் அந்த நகரத்துக்கு மிகக் குறைவு. ரோல்ஸும் வடையும் பார்சல் கட்டிக்கொள்ளுங்கள், ஸ்பாவில் அது தங்கம்.

ஏனென்றால் ஸ்பாவில் சாப்பாடு என்றால் உருளைக்கிழங்கு வறுவலும் சாஸும்தான். பாரிஸிலிருந்து லியேஜுக்கு பஸ்ஸை முன்கூட்டியே பதிவு செய்தால் வேக ரயிலைவிட நன்றாக மிச்சம். லியேஜிலிருந்து வெர்வியேவுக்கு உள்ளூர் ரயில், அங்கிருந்து பந்தய வாரச் சிறப்புப் பேருந்து. போவது சுலபம். திரும்புவதுதான் கொடுமை. காட்டுக்குள் பள்ளத்தாக்கு, வெளியேற ஒடுங்கிய சாலைகள், மொத்தக் கூட்டமும் ஒரே நேரத்தில் கிளம்பும். நிரம்பி வழியும் பஸ், ஜன்னலெல்லாம் மூச்சுக்காற்றில் புகைந்து, ஈர மழைக்கோட்டு நாற்றம், வண்டி நகரவே மாட்டேன் என்னும். அன்றிரவே லியேஜில் கடைசி ரயிலைப் பிடிக்கலாம் என்று டிக்கெட் எடுக்காதீர்கள். ஞாயிறு இரவு வெர்வியே பக்கமே தங்க இடம் பாருங்கள்.

7.004 கிலோமீட்டர் தடம், ஒரு முனையில் வெயில், மறுமுனையில் மழை. பிட் ஸ்டாப் இல்லாத பந்தயம் என்பதால் வரிப்பள்ளம் இல்லாத ஸ்லிக் டயரா மழை டயரா என்று தொடக்க வரிசையான கிரிட்டிலேயே முடிவு செய்துவிட வேண்டும். நடுவில் தூறினால் ஸ்லிக்கோடு ஓ ரூஜ் மேட்டில் தவழ வேண்டியதுதான். மலிவான பொது அனுமதி டிக்கெட்டில் கெம்மல் ஓரப் புல்மேட்டிலிருந்து இதைப் பார்க்கலாம். பார்வையாளர் மேடையே தேவையில்லை. ரப்பர் பூட்ஸ்தான் தேவை.

ஹங்கேரியில் மெட்ரோ 2இல் ஓர்ஸ் வேசேர் தேரேவுக்குப் போய், அங்கே எச்8 புறநகர் ரயிலில் சிலாஷ்லிகெட். பிறகு வெயிலில் ஏற்றமான நடை. திரும்பும்போது வாசலில் தனியார் கார்க்காரர்கள் மீட்டர் பேச்சே இல்லாமல் ஒரு மொத்தத் தொகை சொல்வார்கள். அது அநியாயம். புடாபெஸ்டில் முறையான டாக்ஸி மஞ்சள் நிறம், கட்டணம் நகராட்சி நிர்ணயித்தது. மஞ்சள் இல்லையென்றால் ஏறாதீர்கள். அந்தக் காசுக்கு லாங்கோஷ் வாங்கினால் வாரம் முழுக்கச் சாப்பிடலாம். நம்ம சோளாபட்டூரா மாதிரி உப்பிய ரொட்டி, மேலே பூண்டு, புளித்த கிரீம், துருவிய சீஸ். சைவம், சுடச்சுட, வயிறு நிறையும். பந்தயத் தடத்துக்கு உள்ளே வாங்காமல் நகரச் சந்தையில் வாங்குங்கள்.

ஸாண்ட்வூர்ட்டைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆம்ஸ்டர்டாமிலிருந்து பந்தய நாட்களில் சில நிமிடங்களுக்கு ஒரு ரயில், இறங்கி நடந்தால் தடம். 18 டிகிரி சாய்ந்த கடைசி வளைவில் கார்கள் சுவரில் ஓடுவது போலிருக்கும். அந்த நாட்டுக்காரர் லாரி டென் வூர்டே சூப்பர்கப்பில் 2020, 2021, 2023, 2024 என நான்கு முறை பட்டம் வென்றவர், ஆகவே அங்கே மட்டும் நண்பகலிலேயே மேடை நிறைந்திருக்கும். எஃப்1 அங்கே 2026உடன் முடிகிறது.

மோன்சாவுக்கு மிலானில் அறை தேடாதீர்கள், அந்த வாரம் கொள்ளை. லெக்கோவிலிருந்து மோன்சாவுக்கு நேரடி ரயில் உண்டு. மோன்சா நிலையத்திலிருந்து தடத்துக்கான பஸ் வரிசையில் காத்துக் கிடப்பதைவிட, பந்தய நாட்களில் பியாசோனோ-லெஸ்மோ வரை போகும் சிறப்பு ரயில் மேல். அதன் வாசல் லெஸ்மோ வளைவுப் பக்கம் இருக்கும். முதல் ஷிகேனில் டிக்கெட் என்றால் பூங்காவுக்குள் நெடுநடை. அதற்கே முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள், வாசல் சோதனை தனி. பத்து மணிக்கு ரயிலைவிட்டு இறங்கினால் நிம்மதியாகப் போய்ச் சேரலாம்.

கார்களைக் கிட்டத்தில் பார்க்கும் ஆசை என்றால் இதில் எதுவும் சரிவராது. சாதாரண டிக்கெட்டுக்கு சூப்பர்கப் கூடாரத்துக்குள் அனுமதி இல்லை. அதே கார்கள் ஓடும் ஜெர்மனி கரேரா கப், டிடிஎம் என்ற ஜெர்மன் கார் பந்தயத் தொடரோடு நடக்கிறது. ஒரே வார இறுதியில் இரண்டு பந்தயம், டிக்கெட் எஃப்1 விலையில் ஒரு சிறு பங்கு. அணிகளின் கூடாரங்கள் இருக்கும் பாடக்குக்குள் நடந்துபோய் மெக்கானிக் டயர் மாற்றுவதை அருகில் நின்று பார்க்கலாம்.