ஓட்டையும் அடைப்பும்: ஒரு செயலிச் சோதனையின் நாட்குறிப்பு

2025 பிப்ரவரி 3, திங்கள்

சோதனைக்கு வந்திருப்பது கிளினிக்குகள் பயன்படுத்தும் ஒரு வலைச்செயலி. அப்பாயின்ட்மென்ட் கொடுப்பது, பில் போடுவது, லேப் ரிப்போர்ட்டை நோயாளியின் போனுக்கு அனுப்புவது அதன் வேலை. அதன் பாகங்கள்: நோட் (ஜாவாஸ்கிரிப்ட்) சர்வர், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், ரிப்போர்ட்டைப் பிடிஎஃப் ஆக்கித் தரும் பழைய ஜாவா சர்வீஸ், ஓர் ஆண்ட்ராய்டு ஆப். உள்ளே இருப்பவை மனிதர்களின் ரத்தப் பரிசோதனை முடிவுகள். பாஸ்வேர்டு கசிந்தால் மாற்றிக்கொள்ளலாம். இவற்றை மாற்ற முடியாது.

எந்தக் கருவியையும் திறக்கும் முன் எழுத்தில் அனுமதி வேண்டும்: எந்தெந்த டொமைன், எந்தத் தேதியிலிருந்து எதுவரை, சர்வர் விழுந்தால் யாரை அழைப்பது. இந்தியாவில் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43ஆம் பிரிவின்படி, உரியவரின் அனுமதியில்லாமல் ஒரு கணினிக்குள் நுழைந்தாலே இழப்பீடு கேட்கலாம். அதை நேர்மையற்ற நோக்கத்தோடு செய்தால் 66ஆம் பிரிவின் கீழ் 3 ஆண்டு வரை சிறை. 'நல்லதுக்குத்தானே பார்த்தேன்' என்று பிறகு சொல்லிக்கொண்டிருக்கும் நிலை வரக்கூடாது.

கணக்குகள்: இரண்டு கிளினிக்குகள், ஒவ்வொன்றிலும் நோயாளி, வரவேற்பாளர், டாக்டர், அட்மின் என நான்கு பேர். ஒரே ஒரு கிளினிக்கை வைத்துச் சோதித்தால், ஒருவர் பக்கத்து கிளினிக்கின் தகவலைப் பார்க்க முடிகிறதா என்பது கடைசிவரை தெரியாது. டேட்டா முழுவதும் போலி. உண்மையான நோயாளிகளின் விவரம் சோதனைச் சர்வருக்கு வரவே கூடாது.

பிரவுசருக்கும் சர்வருக்கும் நடுவே பர்ப் அல்லது ஸாப் ப்ராக்ஸி (போகும் கோரிக்கைகளை நடுவில் பிடித்து மாற்ற உதவும் கருவி), நம் கணினியிலேயே, 127.0.0.1:8080-இல். அதன் சான்றிதழை பிரவுசரில் நிறுவினால் எச்டிடிபிஎஸ் கோரிக்கைகள் மறைகுறி நீங்கித் தெரியும். ஆண்ட்ராய்டில் மட்டும் ஒரு சிக்கல். 7ஆம் பதிப்பிலிருந்து, பயனர் நிறுவிய சான்றிதழை ஆப்கள் இயல்பாக நம்புவதில்லை. டெவலப்பர்களிடம் கேட்டு, நெட்வொர்க் பாதுகாப்பு அமைப்பில் பயனர் சான்றிதழை அனுமதிக்கும் டீபக் பில்டை (சோதனைக்கான ஆப் பதிப்பை) வாங்கிவிட்டால் பாதி நாள் மிச்சம்.

பிறகு ஒவ்வொரு பக்கத்தையும் ஒவ்வொரு வேடத்திலும் நடந்து பார்த்து அட்டவணை போடுவது. ஒவ்வொரு கோரிக்கைக்கும் எதிரே இரண்டு கேள்விகள்: இதை யார் அனுப்பலாம்? அந்த அதிகாரச் சோதனை நிரலில் எந்த வரியில் நடக்கிறது? இரண்டாவதற்குப் பதில் எழுத முடியாத இடங்களைத்தான் நாளை தோண்ட வேண்டும்.

பிப்ரவரி 4, செவ்வாய்

வலைச்செயலிப் பாதுகாப்புக்கான ஓவாஸ்ப் அமைப்பின் 2021 முதல்-பத்து ஓட்டைகள் பட்டியலில் முதலிடம் அதிகாரச் சோதனை விடுபடுவதற்கு. இதைத் தேடும் முறை எளிது. முதல் கிளினிக்கின் வரவேற்பாளராக ஒரு பில்லைத் திறக்க வேண்டும். /பில்/1042 என்று போகும் கோரிக்கையை ப்ராக்ஸியில் பிடித்து, லாகின் செய்தவர் யார் என்று காட்டும் குக்கீயை மட்டும் இரண்டாவது கிளினிக்கின் குக்கீயாக மாற்றி மறுபடி அனுப்ப வேண்டும். வர வேண்டியது 404 ('இல்லை'). 200-உம் ('சரி') பில்லும் வந்தால் ஓட்டை. 403 ('அனுமதியில்லை') வந்தால் பில் பத்திரமாக இருக்கிறது, ஆனால் அந்த எண்ணில் ஒரு பில் உண்டு என்பது தெரிந்துபோகிறது. மருத்துவ ரிப்போர்ட்டில் அதுவே கசியக்கூடாத செய்தி.

பில் பக்கம் சரி. அதே பில்லின் பிடிஎஃப்பை இறக்கும் முகவரி சரியில்லை. பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். திரையில் முதலில் தெரியும் பக்கத்துக்குச் சோதனை எழுதியிருப்பார்கள். பிடிஎஃப், எக்செல் ஏற்றுமதி, 'தேர்ந்தெடுத்தவற்றை அழி', பழைய ஆப்புக்காக விட்டுவைத்த முதல் பதிப்பு ஏபிஐ (ஆப் சர்வரோடு பேசும் வழி) ஆகியவற்றில் விட்டுப்போயிருக்கும். படிக்கும் கோரிக்கையைப் பார்த்ததோடு நிறுத்தாமல் மாற்றும், அழிக்கும் கோரிக்கைகளையும் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவின் ஃபர்ஸ்ட் அமெரிக்கன் ஃபைனான்ஷியல் நிறுவனத்தின் தளத்தில் 2019 மே மாதம் அம்பலமானதும் இந்த வகைதான். முகவரியில் இருந்த ஆவண எண்ணை மாற்றினால் அடுத்தவரின் ஆவணம் திறந்தது, லாகின்கூடத் தேவைப்படவில்லை. அப்படித் திறந்து கிடந்தவை சுமார் 88.5 கோடி.

இன்னொன்று, சுயவிவரத் திருத்தம். பெயரும் போன் எண்ணும் மட்டும் போகும் ஜேசனில் (சர்வருக்கு டேட்டா போகும் உரை வடிவம்) 'ரோல்: அட்மின்' என்று ஒரு வரி சேர்த்து அனுப்பிப் பார்க்க வேண்டும். வந்த ஜேசனை அப்படியே டேபிளில் கொட்டும் நிரல் இருந்தால் வரவேற்பாளர் அட்மின் ஆகிவிடுவார். 'ரோல்' என்ற பெயரைத் தடுப்பது போதாது. மாற்ற அனுமதியுள்ள புலங்களைப் பெயர் சொல்லி எடுத்து, மீதியைத் தொடாமல் விடுவதே திருத்தம்.

பிப்ரவரி 5, புதன்

பிடிஎஃப் ஓட்டைக்கு வந்த முதல் யோசனை: 1042 போன்ற எண்ணை எடுத்துவிட்டு யூயூஐடி (தற்செயலாக உருவாகும் நீண்ட அடையாளம்) போடலாம். இது திருத்தம் ஆகாது. ஊகிக்க முடியாதே தவிர, சர்வர் லாகில் (பதிவேட்டில்) இருக்கும், வாட்ஸாப்பில் பகிர்ந்த இணைப்பில் இருக்கும், கவுன்டர் கணினியின் பிரவுசர் வரலாற்றில் இருக்கும். அது யார் கையில் கிடைத்ததோ அவரிடம் 'யார் நீ' என்று சர்வர் இன்னும் கேட்கவில்லை.

கேள்வி இருக்க வேண்டிய இடம் க்வெரி, அதாவது டேட்டாபேஸுக்கு அனுப்பும் கட்டளை. பில்லின் ஐடி இது, கிளினிக்கின் ஐடி இது என்ற இரண்டு நிபந்தனைகளும் ஒரே க்வெரியில் வர வேண்டும். கிளினிக்கின் ஐடி செஷனிலிருந்து (சர்வர் வைத்திருக்கும் லாகின் பதிவிலிருந்து) வர வேண்டும். கோரிக்கையில் வந்ததை எடுத்தால் தாக்குபவர் அதையும் மாற்றி அனுப்புவார்.

அதற்குப் பிறகும் ஒரு பலவீனம் மிஞ்சும்: அடுத்த மாதம் புது க்வெரி எழுதுபவர் இரண்டாவது நிபந்தனையை மறந்தால் ஓட்டை திரும்ப வரும். போஸ்ட்கிரெஸில் வரிசை அளவிலான பாதுகாப்பை (டேபிளின் எந்த வரிசையை யார் பார்க்கலாம் என்ற விதியை) இயக்கினால் டேட்டாபேஸே வடிகட்டிக் கொடுக்கும். ஆனால் இயக்கியதோடு முடியாது. டேபிளின் உரிமையாளருக்கு இந்த விதி இயல்பாகப் பொருந்தாது. டேபிளை உருவாக்கிய அதே ரோலில் (டேட்டாபேஸ் கணக்கில்) ஆப்பும் இணைந்தால் விதி இருந்தும் பயனில்லை. உரிமையாளருக்கும் கட்டாயமாக்கும் 'ஃபோர்ஸ்' கட்டளையைத் தனியாகக் கொடுக்கலாம், அல்லது ஆப்புக்கு வேறு ரோல் கொடுக்கலாம். இரண்டாவதே நல்லது. சூப்பர்யூசருக்கு எந்த விதியும் பொருந்தாது.

அடுத்த சிக்கல், டேட்டாபேஸ் இணைப்புகளைத் திரும்பத் திரும்பப் பகிர்ந்து பயன்படுத்தும் கனெக்‌ஷன் பூல். தற்போதைய கிளினிக் ஐடியைச் சாதாரண 'செட்' கட்டளையால் வைத்தால் அது கனெக்‌ஷனிலேயே தங்கி, அதே கனெக்‌ஷனைப் பெறும் அடுத்த கோரிக்கைக்கும் போகும். மூட வந்த திருத்தமே பெரிய ஓட்டையாகிவிடும். ஒரே தொகுப்பாக நடக்கும் டேட்டாபேஸ் வேலையான டிரான்ஸாக்‌ஷனுக்குள் 'செட் லோக்கல்' போட வேண்டும். டிரான்ஸாக்‌ஷன் முடிந்ததும் மதிப்பு போய்விடும். எதுவும் வைக்கப்படாத நிலையில் ஒரு வரிசைகூட வரக்கூடாது என்பதற்கும் தனி டெஸ்ட் தேவை.

பிப்ரவரி 7, வெள்ளி

எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷன். உள்ளீட்டின் வழியே க்வெரிக்குள் கட்டளையைப் புகுத்துவது இது. மதிப்புகள் எல்லாம் பாராமீட்டராகவே, கட்டளையோடு ஒட்டாமல் தனியாகப் போகின்றன. தேடல் பெட்டியில் ஒற்றை மேற்கோள் குறி போட்டால் எதுவும் உடையவில்லை. ஆனால் பட்டியலை எந்தப் பத்தியால் (டேபிளின் நெடுவரிசையால்) அடுக்குவது என்பது முகவரியிலிருந்து வந்து, க்வெரியில் அப்படியே ஒட்டப்படுகிறது. பத்தியின் பெயரைப் பாராமீட்டராக அனுப்ப முடியாது என்பதால், பாராமீட்டரின் அருமை தெரிந்தவர்களும் இந்த இடத்தில் சரத்தை (எழுத்துத் தொடரை) ஒட்டிவிடுகிறார்கள். உறுதிப்படுத்த அந்த இடத்தில் 5 விநாடி உறங்கச் சொல்லும் கட்டளையை வைத்துப் பதில் தாமதமாகிறதா என்று பார்க்கலாம்; டேட்டாவைத் தொட வேண்டியதில்லை. திருத்தம்: தேதி, பெயர், தொகை என்ற மூன்று சொற்களையும் நிரலில் எழுதிய பத்திப் பெயர்களோடு இணைக்கும் சிறு அகராதி. அகராதியில் இல்லாதது வந்தால் 400 ('தவறான கோரிக்கை').

எக்ஸ்எஸ்எஸ்ஸில் (பக்கத்துக்குள் அந்நிய நிரலைப் புகுத்தும் ஓட்டையில்) சொல்ல அதிகமில்லை. ரியாக்ட் (திரையை உருவாக்கும் ஆயத்த நிரல்) பெரும்பாலானவற்றைப் பார்த்துக்கொள்கிறது. கவலை தருவது பிடிஎஃப் சர்வீஸ். அது எச்டிஎம்எல்லிலிருந்து பிடிஎஃப் செய்கிறது. நோயாளியின் பெயரில் தடித்த எழுத்துக்கான டேக்கைப் போட்டால் பிடிஎஃப்பில் பெயர் தடித்தே வருகிறது. டேக் வேலை செய்கிறது என்றால் படம் ஏற்றும் டேக்கும் வேலை செய்யும். அந்தப் படத்தை எடுக்கப்போவது சர்வர்.

பிப்ரவரி 10, திங்கள்

எதிர்பார்த்ததுதான். பட டேக்கில் நம் கையிலுள்ள ஒரு முகவரியை வைத்தால், பிடிஎஃப் சர்வீஸ் அங்கே வந்து போகிறது. கிளினிக்கின் லோகோவை இணைப்பாகக் கொடுக்கும் வசதியிலும் அதேதான். இது எஸ்எஸ்ஆர்எஃப்: வெளியே இருப்பவர் சொல்லும் முகவரிக்கு, உள்ளே இருக்கும் சர்வர் போய்வருகிறது. கிளவுடில் இதன் விலை அதிகம், காரணம் 169.254.169.254. அமேசானின் கிளவுடான ஏடபிள்யூஎஸ்ஸில் மெஷின் ஒன்றுக்குள்ளிருந்து இந்த முகவரியைக் கேட்டால் அதன் தற்காலிகச் சாவிகள் கிடைக்கும். கேப்பிடல் ஒன் வங்கியில் 2019-இல் அமெரிக்காவில் சுமார் 10 கோடி, கனடாவில் சுமார் 60 லட்சம் பேரின் விவரங்கள் போனதும் இந்த வழியாகத்தான்.

லோகோ வசதியில் ஏற்கெனவே ஒரு தடுப்பு இருந்தது: முகவரியில் '169.254' என்ற சரம் இருந்தால் மறுப்பது. அதே முகவரியை 2852039166 என்று ஒரே எண்ணாகவும் எழுதலாம், ஐபிவி6 என்ற புதிய முகவரி வடிவத்துக்குள் பொதிந்தும் எழுதலாம். வெளித்தளம் ஒன்றைக் கொடுத்து, அங்கிருந்து 302-ஆல் (வேறு முகவரிக்குப் போகச் சொல்லும் ரீடைரக்டால்) உள்ளே திருப்பிவிடலாம். ஒரு டொமைன் முதல்முறை நல்ல ஐபியையும் அடுத்த முறை உள் ஐபியையும் தருமாறு டிஎன்எஸ்ஸை (பெயரை ஐபியாக மாற்றும் அமைப்பை) அமைக்கலாம். சரத்தைப் பார்த்துத் தடுப்பதற்கு முடிவே இல்லை.

திருத்தம் இந்த வரிசையில்: பெயரை ஒரே ஒரு முறை ஐபியாக மாற்று, வந்த எல்லா ஐபிகளும் பொது முகவரிகள்தானா என்று பார், பார்த்த அந்த ஐபிக்கே கனெக்ட் செய், பெயரை மறுபடி கேட்காதே, ரீடைரக்டை அணை. லோகோவுக்கு இதைவிட நல்ல வழி இணைப்பு வாங்குவதை விட்டு ஃபைலாக வாங்குவது. வசதியை எடுத்துவிட்டால் ஓட்டையும் போய்விடும். பிடிஎஃப் சர்வீஸில் பெயரை எஸ்கேப் செய்வதோடு (டேக்காக வேலை செய்யாமல் வெறும் எழுத்தாக்குவதோடு), அது வெளியே போகும் வழியை நெட்வொர்க்கிலேயே அடைக்க வேண்டும். சாவிகளைத் தரும் அந்த 169.254.169.254 மெட்டாடேட்டா சேவைக்கு 2019 நவம்பரில் வந்த இரண்டாம் பதிப்பைக் கட்டாயமாக்க வேண்டும். அதில் முதலில் 'புட்' கோரிக்கையால் டோக்கன் வாங்கியாக வேண்டும், வெறும் 'கெட்' பலிக்காது.

பிப்ரவரி 12, புதன்

ஜாவா சர்வீஸின் லைப்ரரிகள் (ஆயத்த நிரல் தொகுப்புகள்). லாக் எழுதும் லைப்ரரியான லாக்4ஜேயின் பதிப்பு 2.15.0 என்று இருக்கிறது. 2021 டிசம்பரில் அவசரமாக உயர்த்தி, அத்தோடு நின்றுபோன எண்.

அந்த மாதத்தைத் தேதிவாரியாக நினைவில் வைப்பது நல்லது. லாக் செய்யும் வரிக்குள் ஜேஎன்டிஐ லுக்அப் (வேறிடத்திலிருந்து மதிப்பைத் தேடி எடுக்கச் சொல்லும் குறிப்பு) இருந்தால், லைப்ரரி அதைச் செயல்படுத்தி வெளிச் சர்வரிலிருந்து நிரலை இழுத்து ஓட்டியது: சிவிஇ-2021-44228 (ஓட்டைகளின் பொதுப் பட்டியலில் இதன் எண்), கடுமை 10-க்கு 10. முதல் திருத்தம் 2.15.0. அது செய்தியில் வரும் லுக்அப்பை நிறுத்தியது, ஆனால் லாக் வடிவமைப்பில் பயனர் தரும் மதிப்பை லுக்அப் வழியாக எடுத்தால் வழி திறந்தே இருந்தது: சிவிஇ-2021-45046. முதலில் சேவையை நிறுத்தும் குறை என்று 3.7 கொடுத்து, பிறகு 9.0 ஆக உயர்த்தினார்கள். 2.16.0-இல் ஜேஎன்டிஐ இயல்பாக அணைக்கப்பட்டு, செய்தி லுக்அப் முற்றிலும் நீக்கப்பட்டது. முடிவில்லாமல் தன்னையே அழைக்கும் குறைக்காக 2.17.0, அமைப்பு ஃபைலை மாற்ற முடிந்தவருக்குத் திறந்திருந்த இன்னொரு வழிக்காக 2.17.1.

இந்தச் சர்வீஸின் லாக் வடிவமைப்பு லாகின் பெயரை லுக்அப் மூலம்தான் எடுக்கிறது. ஆகவே இரண்டாவது ஓட்டை இங்கே உயிரோடு இருக்கிறது. கோரிக்கையின் ஹெடர்களில் வழக்கமான சரத்தை வைத்து டிஎன்எஸ் அழைப்பு வருகிறதா என்று பார்க்கும் ஸ்கேனர்கள், 2.15.0-இல் எதுவும் வராததால் 'சுத்தம்' என்று சொல்லும். லாகின் பெயரிலேயே வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

தேடும்போது ஜார் ஃபைலின் (ஜாவா நிரல் தொகுப்பின்) பெயரை நம்ப முடியாது. லைப்ரரி வேறொரு ஜாருக்குள் பொதிந்தோ, பெயர் மாற்றிக் கலந்தோ கிடக்கும்; ஒவ்வொரு ஜாரையும் உள்ளடுக்கு வரை பிரித்து ஜேஎன்டிஐ லுக்அப் கிளாஸ் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பதிப்பை உடனே உயர்த்த வழியில்லாவிட்டால் அந்தக் கிளாஸை ஜாரிலிருந்து நீக்குவது தற்காலிகத் தீர்வு. முன்னால் உள்ள ஃபயர்வாலில் 'ஜேஎன்டிஐ' என்ற சொல்லைத் தடுப்பது தீர்வாகாது; லுக்அப்புக்குள் லுக்அப் வைத்து அந்தச் சொல்லை எழுத்தெழுத்தாகக் கட்டிவிடலாம்.

பிப்ரவரி 14, வெள்ளி

ஓடிபி. ஆறு இலக்கம் என்றால் 10 லட்சம் வாய்ப்புகள். தடை இல்லாவிட்டால், விநாடிக்கு 100 முயற்சி வீதம் 3 மணி நேரத்துக்குள் எல்லாவற்றையும் முயன்றுவிடலாம். இங்கே 5 முயற்சி வரம்பு உண்டு. ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பினால் ஆறாவது மறுக்கப்படுகிறது. பர்ப்பில் 20 கோரிக்கைகளைக் குழுவாக்கி ஒரே நேரத்தில் அனுப்பினால் இருபதும் சரிபார்க்கப்படுகின்றன.

காரணம் வேலைகள் நடக்கும் வரிசை: எண்ணிக்கையைப் படி, 5-க்குக் கீழா பார், ஓடிபியை ஒப்பிடு, எண்ணிக்கையைக் கூட்டி எழுது. இருபது கோரிக்கைகளும் யாரும் எழுதும் முன்பே பூஜ்யத்தைப் படித்துவிடுகின்றன. நிரலுக்குள் பூட்டு போடுவது, சர்வர் இரண்டாக ஓடும் நாளில் பயன்படாது. 'எண்ணிக்கை 5-க்குக் கீழ் இருந்தால் ஒன்று கூட்டு' என்று ஒரே அப்டேட் கட்டளையாக, ஒப்பிடும் முன்பே டேட்டாபேஸில் நடக்க வேண்டும். டேபிளில் எந்த வரிசையும் மாறவில்லை என்றால் அங்கேயே மறுப்பு. 'மறுபடி அனுப்பு' பொத்தான் எண்ணிக்கையைப் பூஜ்யமாக்குகிறதா என்றும் பார்க்க வேண்டும். இங்கே ஆக்குகிறது. எனவே போன் எண் ஒன்றுக்கு மணிக்கு இத்தனை என்ற இரண்டாவது வரம்பும் தேவை.

பாஸ்வேர்டுகள் பிகிரிப்ட் முறையில், திருப்பியெடுக்க முடியாதபடி மாற்றி வைக்கப்பட்டுள்ளன. 72 பைட்டுக்கு மேல் அது பார்ப்பதில்லை. யூடிஎஃப்-8-இல் தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொன்றும் 3 பைட் என்பதால் 24 குறிகளோடு முடிந்துபோகும். தமிழில் நீண்ட வாக்கியத்தைப் பாஸ்வேர்டாக வைப்பவருக்கு இது நிஜமான இழப்பு. புதிதாக வைப்பவை ஆர்கான்2ஐடி என்ற வேறு முறையில்: நினைவகம் 19 எம்ஐபி (மெபிபைட்), சுற்று 2, இணை இழை 1. பழையவை அவரவர் அடுத்த லாகினில் மாறும்.

பிப்ரவரி 18, செவ்வாய்

மறுசோதனை. ஒவ்வொரு திருத்தத்தோடும் ஒரு டெஸ்ட் வந்திருக்க வேண்டும். அது பழைய நிரலில் தோற்க வேண்டும், புதியதில் தேற வேண்டும். பழையதிலும் தேறும் டெஸ்ட் எதையும் சோதிக்கவில்லை. அடுக்கும் பத்திக்கு, நிரலில் வடிவங்களைத் தேடும் கருவியான செம்கிரெப்பில் ஒரு விதி எழுதி நிரல் முழுதும் ஓட்டியதில், அதே ஒட்டுவேலை மருந்து இருப்புப் பக்கத்திலும் கிடைத்தது.

நிரலின் மாற்றங்களைச் சேமிக்கும் கிட் வரலாற்றில் எஸ்எம்எஸ் சேவையின் சாவி ஒன்று இருக்கிறது. பிந்தைய கமிட்டில் (மாற்றப் பதிவில்) அழித்திருக்கிறார்கள், ஆனால் வரலாற்றில் அப்படியே இருக்கிறது. முதலில் சாவியை ரத்து செய்து புதியது வாங்க வேண்டும். வரலாற்றைச் சுத்தம் செய்வது அதற்குப் பிறகு.

பிடிஎஃப் ஓட்டையை இதற்கு முன் யாராவது பயன்படுத்தினார்களா என்று லாகில் பார்த்தாக வேண்டும். சம்பவம் என்று தெரியவந்தால், இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் இட்ட ஆணைப்படி 6 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும். லாகுகளை 180 நாள் வைத்திருக்கவும் அதே ஆணை சொல்கிறது. லாக் இருக்கிறது, ஆனால் அதில் பதிவாவது முகவரியும் நேரமும் மட்டும். யார் கேட்டார்கள் என்பது இல்லை. பயனர், அவருடைய கிளினிக், கேட்ட ஆவணம் எந்தக் கிளினிக்குடையது ஆகிய மூன்றையும் சேர்த்துப் பதியும் மாற்றம், பிடிஎஃப் திருத்தத்தோடு ஒரே வெளியீட்டில் போகிறது.