தின்னரால துடைக்காதேங்கோ

போன கிழமை முல்லைத்தீவுப் பக்கமிருந்து ஒரு தம்பி, சீடி 200 மோட்டச்சைக்கிளின்ர பெற்றோல் ராங்கைக் கழட்டி உரப்பையில சுத்திக்கொண்டு என்ர பெயின்ற் பட்டறைக்கு வந்தவன். விரிச்சுப் பாத்தா, பால் ஆறேக்க மேல ஆடை படிஞ்சு சுருங்குமே, அப்பிடி பெயின்ற் முழுக்கச் சுருங்கிக் கிடக்கு. என்னடாப்பா செய்தனீ எண்டு கேட்டன். "அடிக்க முன்னம் நல்லாத் தின்னர் போட்டு மூண்டு தரம் துடைச்சனான் அண்ணை, ஒரு தூசி இல்லை" எண்டுறான். அந்த மூண்டு தரம்தான் பிழை.

தின்னர் எண்டுறது ஊத்தை எடுக்கிற சாமான் இல்லை, அது பெயின்ற்றைக் கரைக்கிற சாமான். பெயின்ற்றுக்குக் கலக்க, பெயின்ற் அடிக்கிற ஸ்ப்ரே கன் கழுவ, அவ்வளவுதான். பழைய எனாமலுக்கு மேல தின்னரைத் தேய்ச்சா அது உள்ள ஊறி பெயின்ற்றை ஊதப் பண்ணும், மேலால நீங்கள் புதுசா அடிக்கிற என்சி (நைட்ரோசெலுலோஸ்) பெயின்ற்றிலயும் அதே தின்னர் கிடக்கு, ரெண்டும் சேந்து கீழ இருக்கிறதைக் கிளப்பிவிடும், பிறகு பாக்க நெளிஞ்ச தகரம் மாதிரித்தான்.

நான் இப்ப வாகனம் ஆர் கொண்டு வந்தாலும் முதல்ல செய்யுறது ஒண்டு. வெளியில தெரியாத இடமாப் பாத்து, சீற்றுக்குக் கீழயோ கதவின்ர உள்பக்கமோ, வெள்ளைத் துணியில கொஞ்சம் தின்னர் தொட்டு ஒரு அரை நிமிசம் தேய்க்கிறது. கலர் துணிக்கு வந்து இடம் பிசுபிசுத்தா என்சி. நெளிஞ்சு சுருங்கினா எனாமல். ஒண்டுமே நடக்கேல்லையெண்டா கொம்பனியில அடிச்சுச் சூட்டில இறுக்கினதோ, நல்லாக் காய்ஞ்ச டூ கேயோ, அதாவது ஹார்ட்னர் கலந்து அடிக்கிற பெயின்ற். தின்னரைத் துணியில தொடவேண்டியது இந்த அரை நிமிசத்துக்கு மட்டும்தான் எண்டது என்ர கொள்கை.

எங்கட ஆக்களுக்கு இன்னொரு பழக்கம் மண்ணெண்ணெய். பொருளாதாரத் தடைக் காலத்தில வன்னியில மோட்டச்சைக்கிளே மண்ணெண்ணெயிலதான் ஓடினது, காபரேற்றருக்குள்ள ரெண்டு துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணிப்போட்டு மிச்சத்துக்கு மண்ணெண்ணெய். அந்தக் காலத்து ஆக்களுக்கு அதில ஒரு பாசம் இருக்கும், பிழை சொல்லேலாது. ஏ9 றோட்டில தார் தெறிச்சு மட்காட்டில ஒட்டினா அதை எடுக்க மண்ணெண்ணெய் மாதிரி வேற இல்லை, செயின் கழுவவும் அதுதான். ஆனா அது மெல்லிசா எண்ணெயை விட்டுட்டுப் போகும், அதுக்கு மேல பெயின்ற் ஒட்டாது. கழுவினா பிறகு சவுக்காரத் தண்ணி கட்டாயம். பெற்றோலால துடைக்கிறது இன்னும் மோசம், அதிலயும் என்னென்னவோ கலந்திருக்கு, அதோட பெற்றோல் ஆவி காத்தை விடப் பாரம், நிலத்தோட ஊர்ந்து போய் எங்கயோ இருக்கிற அடுப்பில பத்தும்.

சவுக்காரத் தண்ணி எண்டோடனதான் ஞாபகம் வருது, கனபேர் இதை விட்டுப்போட்டு நேர சொல்வன்ற்றுக்கு, அதாவது ஊத்தையைக் கரைக்கிற திரவத்துக்குப் போகினம். கடற்கரைப் பக்கம் ஓடுற வாகனத்தில உப்பு, கைவேர்வை, காகத்தின்ர எச்சம், இதெல்லாம் தண்ணியில கரையுற ஊத்தை. எண்ணெய் வகைச் சொல்வன்ற் இதைத் தொடாது, இழுத்துப் பூசித்தான் விடும். முதல்ல தண்ணியும் சவுக்காரமும், வடிவாக் காயவிட்டு, பிறகுதான் வக்ஸ் அன் கிரீஸ் ரிமூவர், அதாவது மெழுகும் எண்ணெயும் எடுக்கிற சொல்வன்ற். கடையில டிகிரீசர் எண்டு கேட்டு எஞ்சின் கழுவுறதை வாங்கிக்கொண்டு வந்திடாதேங்கோ, அது வேற.

துடைக்கிற விதத்திலதான் முழு விசயமும் இருக்கு. ரெண்டு துணி வேணும். வலக்கையில நனைஞ்சது, இடக்கையில காய்ஞ்சது. ஒரு முழம் இடத்தை நனைக்கிறது, பளபளவெண்டு ஈரமா இருக்கேக்கயே அடுத்த கையால எடுக்கிறது. சொல்வன்ற் ஊத்தையைக் கிளப்பி வைச்சிருக்கிற நேரத்தில நீங்கள் எடுக்கவேணும், தானாக் காய விட்டா ஊத்தை திரும்ப அதே இடத்தில குந்தியிடும். வைகாசி வெய்யிலில போனெற் கொதிச்சுக்கொண்டு நிக்கேக்க இதைச் செய்யேலாது, கை எடுக்க முன்னமே காய்ஞ்சிடும். விடிய வெய்யில் ஏற முன்னம் செய்யவேணும். துணியையும் அடிக்கடி மடிச்சு மாத்தவேணும்.

ரயருக்குப் பூசுற பொலிஷில இருக்கிற சிலிக்கோனால நான் ஒருக்கா நல்லாப் பட்டனான். ஒரு பட்டா வானின்ர கதவு, டூ கே வெள்ளை, அடிச்சு ரெண்டு நிமிசத்தில மழைத்துளி விழுந்த மண் மாதிரி குழி குழியா விழுந்திட்டுது, ஃபிஷ் ஐ எண்டு சொல்லுவினம். வாகனக்காரர் கொண்டுவர முன்னம் ரயரைப் பளபளப்பாக்கிக்கொண்டு வந்தவர், பாவம், எனக்கு மரியாதை செய்யிறன் எண்டு நினைச்சிருப்பார். ரயரில பட்ட அதே துணியாலதான் நான் கதவையும் துடைச்சனான். காய விட்டு, திரும்ப உரஞ்சி, புதுத் துணியோட முதலில இருந்து, ரெண்டு நாள் வேலை, கூலி இல்லை. இப்ப ரயர் துணி பட்டறைக்குள்ளயே வரப்படாது.

பிளாஸ்ரிக் பம்பர், ஓட்டோவின்ர ஹெட்லைற் இதுகளுக்குக் கிட்ட அசிற்றோனையோ தின்னரையோ கொண்டு போகாதேங்கோ, மங்கி வெடிக்கலாம். ஐசோப்ரோபைல் அல்ககோலில தண்ணி கலந்து மெதுவாத் துடைச்சாக் காணும்.

கலக்கிற தின்னரையும் காலம் பாத்து எடுக்கவேணும். தின்னருக்குள்ள கலக்கிற சாமான்களில அசிற்றோன் 56 பாகையில கொதிக்கும், சைலீன் கிட்டத்தட்ட 140இல. அசிற்றோன் மாதிரி கெதியாப் பறக்கிறது கூடின மலிவுத் தின்னரை கார்த்திகை மாரியில கலந்தா, அது பறக்கேக்க தகரம் குளிர்ந்து காத்தில இருக்கிற ஈரம் பெயின்ற்றில படிஞ்சு வெள்ளையாப் பூக்கும். சோளகக் காத்துக் காலத்தில அதே தின்னர் எண்டா பெயின்ற் தகரத்துக்குப் போக முன்னமே காய்ஞ்சு மண்ணாக் கொட்டும். ரெண்டுக்கும் மெதுவாக் காயுற தின்னர்தான் மருந்து, விலை கொஞ்சம் கூட.

கன் கழுவுறதுக்கு மலிவுத் தின்னர் போதும். ஆனா ஹார்ட்னர் கலந்த பெயின்ற் எண்டா தேத்தண்ணி குடிச்சிட்டு வந்து கழுவுவம் எண்டு நினைக்காதேங்கோ, உள்ளுக்க இறுகினா எந்தத் தின்னரும் கரைக்காது. முழுக் கன்னையும் தின்னருக்குள்ள ஊறப்போடவும் வேண்டாம், வாசர் ஊதிப்போகும். கழுவின தின்னரை மூடி உள்ள பேணியில விட்டு வைச்சா நாலைஞ்சு நாளில கலர் அடியில படியும், மேல தெளிஞ்சதை அடுத்த முறை முதல் கழுவலுக்கு எடுக்கலாம். வளவுக்குள்ள மட்டும் ஊத்தாதேங்கோ. சுன்னாகத்துக் கிணறுகளில எண்ணெய் கலந்து சனம் பட்ட பாடு தெரியும்தானே, நாங்களும் கிணத்துத் தண்ணிதான் குடிக்கிறம். கை கழுவவும் தின்னர் வேண்டாம், நான் பத்து வருசம் அப்பிடிக் கழுவித்தான் இப்ப விரல் இடுக்கெல்லாம் வெடிச்சுக் கிடக்கு. தேங்காயெண்ணெய் பூசித் தேய்ச்சிட்டு சவுக்காரம் போடுங்கோ, கொஞ்சம் மினக்கெட்டாலும் போகும்.

தம்பியின்ர ராங்கை முழுக்கத் தகரம் தெரிய உரஞ்சியாச்சு, அவனைக் கொண்டுதான் உரஞ்சுவிச்சன், ரெண்டு நாள் கை நோகுது எண்டு புலம்பினவன். நேற்று பிரைமர் அடிச்சாச்சு. நாளைக்கு விடிய ஆறு மணிக்கு வரச்சொல்லியிருக்கிறன், கலர் நான் அடிக்கிறன், துடைக்கிறது அவன்தான், ரெண்டு துணியோட.