இழுக்காத வாடிக்கையாளர்

“சாமிக்கா, ஆளுக்கா?” என்றுதான் அந்தக் கடைக்காரர் என்னிடம் முதலில் கேட்டார். சுருட்டு வேண்டும் என்று சொன்ன ஒருவனிடம் எத்தனை வேண்டும் என்று கேட்காமல் இப்படிக் கேட்பார்கள் என நான் எதிர்பார்க்கவில்லை. சாமிக்குத்தான் என்றேன். அவர் தலையை அசைத்துவிட்டு, கைக்கெட்டும் தூரத்தில் இருந்த மரப்பெட்டியை விட்டு, எழுந்துபோய் மேல் அலமாரியிலிருந்த தகர டப்பாவை எடுத்து வந்தார்.

ஆடிக் கடைசி ஞாயிற்றுக்கிழமை எங்கள் குலதெய்வமான முனியப்பனுக்குப் பொங்கல் வைப்பது என்று முடிவானபோது, படையல் பொருட்களில் சுருட்டு என் பங்காக வந்தது. தேங்காயும் பழமும் பொரியும் எங்கே வேண்டுமானாலும் வாங்கிக்கொள், சுருட்டை மட்டும் தாத்தா வாங்கிய கடையில்தான் வாங்க வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டார். தருமபுரிக் கடைத்தெருவில் புளி மண்டிகளைத் தாண்டி, ஆட்டோ நுழைய முடியாத ஒரு சந்துக்குள் அந்தக் கடை இருந்தது எனக்கு நினைவிருந்தது. இன்னும் இருக்கிறதா என்பதுதான் சந்தேகம். ஒன்பது வயதில் சட்டைப் பையில் சில்லறை குலுங்க நான் தனியாகவே போய்த் தாத்தாவுக்குச் சுருட்டு வாங்கி வந்திருக்கிறேன். 18 வயது நிறையாதவருக்குப் புகையிலைப் பொருள் விற்பதைக் குற்றமாக்கிய 2003-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு வெகுகாலம் முந்தைய கதை அது. அன்று எனக்குக் கட்டிக் கொடுத்தவர் இப்போதைய கடைக்காரரின் தகப்பனார். மகனுக்கே இப்போது எழுபது வயதைத் தாண்டியிருக்கும்.

கடை இருக்கிறது. எட்டடி அகலம்கூட இல்லாத கடை. பாக்கு, சுண்ணாம்பு, மூக்குப்பொடி, சுருட்டு ஆகியவற்றைத் தவிர வேறு சரக்கு எதுவும் இல்லை. உள்ளே காலெடுத்து வைத்ததும் பழைய வெல்லமும் காய்ந்த வைக்கோலும் கலந்தாற்போன்ற வாசனை மூக்கில் ஏறியது. தாத்தாவின் சட்டையில் இருந்த வாசனை அது என்பது எனக்கு உடனே தெரிந்துவிட்டது.

சாமிக்கும் ஆளுக்கும் சுருட்டில் என்ன வேறுபாடு என்று கேட்டேன். வேலை நேரத்தில் இப்படிக் கேட்கிறவர்கள் அவருக்கு அதிகம் கிடைப்பதில்லை போலும். முக்காலியை நகர்த்திப் போட்டு, “உக்காருங்க தம்பி” என்றார்.

“சாமி இழுக்காதுங்க” என்று தொடங்கினார். அதற்குமேல் அவர் சொன்னதை என் வார்த்தைகளில் சொல்கிறேன். சிகரெட்டைப் பற்றவைத்துக் கீழே வைத்துவிட்டால், சுற்றியிருக்கும் தாள் எரிந்துகொண்டே போவதால் அது தானாகவே அடிவரை கனிந்துவிடும். சுருட்டில் தாள் கிடையாது; உள்ளேயும் இலை, வெளியேயும் இலை. மனிதன் அவ்வப்போது இழுத்துக் காற்றூட்டினால்தான் கங்கு உயிரோடு இருக்கும், இல்லாவிட்டால் சில நிமிடங்களில் அணைந்துவிடும். சிலையின் வாயில் செருகிய சுருட்டு பாதியில் அணைந்தால் சாமிக்கு மனக்குறை என்று கும்பிட வந்தவர்கள் முகம் வாடிவிடுவார்கள். ஆகவே சாமிக்குக் கொடுக்கும் சுருட்டு மெல்லியதாகவும், தளர்வாகச் சுற்றியதாகவும், நன்றாகக் காய்ந்ததாகவும் இருக்க வேண்டும். கோயில் மேட்டில் அடிக்கும் காற்றே அதற்குப் போதும். ஆளுக்குக் கொடுப்பதோ இறுக்கமாகச் சுற்றியதாகவும் சற்று ஈரப்பதம் உள்ளதாகவும் இருக்க வேண்டும். காய்ந்த சுருட்டைப் பிடித்தால் புகை சூடேறி நாக்கைச் சுட்டுவிடும். தகர டப்பா சாமிக்கு, மரப்பெட்டி மனிதருக்கு என்று அவர் பிரித்து வைத்திருப்பதன் காரணம் இதுதான். இன்றைய வியாபாரத்தில் பெரும்பகுதி தகர டப்பாவிலிருந்துதான் போகிறதாம். ஆடி மாதம் மட்டும் இல்லையென்றால் கடையை எப்போதோ மூடியிருப்பேன் என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

மரப்பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னேன். பெட்டிக்குள் ஓர் ஓரமாக, ஈர மணல் நிரப்பிய சிறு மண்கலயம் ஒன்று இருந்தது. வாயில் துணி கட்டியிருந்தது. சித்திரை, வைகாசியில் தினமும், மற்ற மாதங்களில் வாரம் இரு முறை மணலில் தண்ணீர் தெளிப்பாராம். பெட்டி என்ன மரம் என்றேன். வேம்பு, பூச்சி அண்டாது என்றார்.

இதைக் கேட்டு நான் வியந்ததற்குக் காரணம் உண்டு. 2019-இல் அலுவலக வேலையாகப் பெங்களூர் போயிருந்தபோது, உடன் வந்த மேலதிகாரி ஒருவர் தாம் தங்கியிருந்த பெரிய ஓட்டலின் சிகார் லவுஞ்சுக்கு, அதாவது மேல்நாட்டுச் சுருட்டு பிடிப்பதற்கென்றே இருந்த கூடத்துக்கு, என்னை அழைத்துப் போனார். தோல் உறையிட்ட நாற்காலிகள், மங்கலான விளக்குகள், சுவரில் வின்ஸ்டன் சர்ச்சிலின் படம். 1896-இல் இளம் ராணுவ அதிகாரியாகப் பெங்களூருக்கு வந்தவர் அவர். அங்கிருந்த கிளப்பில் அவர் வைத்துவிட்டுப் போன 13 ரூபாய் பாக்கி இன்றும் அங்கே பெருமையாகப் பேசப்படுகிறது. ஏழு அங்குல நீளமுள்ள ஒரு வகைச் சுருட்டுக்கே அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். லவுஞ்சின் ஒரு மூலையில் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி இருந்தது. அதற்குள் ஈரப்பதம் 65 முதல் 70 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும், அதற்குக் குறைந்தால் இலை நொறுங்கும், கூடினால் பூசணம் பிடிக்கும் என்று வெள்ளைக் கையுறை அணிந்த இளைஞர் விளக்கினார். அலமாரியின் உட்புறம் ஸ்பானிஷ் செடார் என்னும் மரத்தால் ஆனது என்பதையும் அவர் அழுத்திச் சொன்னார். பிற்பாடு தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது: செடார் என்றால் தேவதாரு; ஆனால் பெயரில்தான் அது தேவதாரு, தாவரவியல்படி நம் வேம்பின் குடும்பத்தைச் சேர்ந்த மரம். கரீபியன் கடலோரத்துச் சுருட்டுக்காரர்கள் அந்த மரத்தைத் தேர்ந்ததற்கும் பூச்சி அண்டாது என்பது ஒரு காரணம். தருமபுரிச் சந்தில் கலயமும் வேப்பம்பெட்டியுமாக இருப்பதும் பெங்களூரில் கண்ணாடிக்குள் இருப்பதும் ஒரே ஏற்பாடு. ஒன்றில் ஈரமானி இருக்கிறது, மற்றொன்றில் ஒரு மனிதரின் உள்ளங்கை இருக்கிறது.

அந்த உள்ளங்கை எப்படி வேலை செய்கிறது என்பதைக் கடைக்காரர் காட்டினார். ஒரு சுருட்டை எடுத்துக் காதருகில் வைத்துக் கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் மெதுவாக அழுத்தினார். சருகுபோல் ஓசை எழுந்தால் காய்ந்துவிட்டது, ஓசையே இல்லாமல் பிதுங்கினால் ஈரம் அதிகம், அழுத்தியதும் அமுங்கி விட்டதும் நிமிர்ந்தால் பதம். பிறகு அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கச் சொன்னார். ஓரிடத்தில் குண்டூசி குத்தினாற்போல ஒரு துளை. தட்டியதும் உள்ளங்கையில் காபிப்பொடி போன்ற மாவு உதிர்ந்தது. வேப்பம்பெட்டியையும் மீறி வந்த வண்டு. மஞ்சளையும் மல்லியையும் துளைக்கும் அதே சின்னஞ்சிறு பழுப்பு வண்டுதான் என்பதால் மளிகை வியாபாரிகளுக்கு இதை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. வெளிநாட்டுக் கடைகளில் சுருட்டை உறைகுளிரில் வைத்து இதன் முட்டைகளை அழிப்பார்கள். இவரோ துளை கண்ட சுருட்டுக்கட்டு முழுவதையும் அப்படியே திருப்பி அனுப்பிவிடுவாராம். சுருட்டு எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். திருச்சி உறையூரிலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் என்றார். ஒரு காலத்தில் ஸ்பென்சர் நிறுவனம் திண்டுக்கல்லில் தொழிற்சாலை வைத்துக் கப்பல் கப்பலாக அனுப்பிய சரக்கின் வாரிசு அது. ஆங்கிலத்தில் ‘செரூட்’ என்று வழங்கும் சொல் ‘சுருட்டு’ என்னும் நம் சொல்லிலிருந்து போனதுதான் என்று சொன்னபோது கடைக்காரர் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. “சுருட்டுறதைச் சுருட்டுன்னு சொல்லாம வேறென்ன சொல்லுவாங்க” என்றார்.

சுருட்டுக்கும் சிகாருக்கும் அமைப்பிலேயே ஒரு வேறுபாடு உண்டு. சிகாரின் ஒரு முனை இலையால் மூடி ஒட்டப்பட்டிருக்கும். அதை வெட்டுவதற்கென்று ஒரு கருவி, வெட்டும் இடத்தைப் பற்றி ஒரு சம்பிரதாயம், தவறாக வெட்டினால் மேலிலை பிரிந்துவிடும் என்ற பயம் எல்லாம் கூடவே வருகின்றன. நம் சுருட்டு இரு முனையும் திறந்தது. வாங்கினோம், பற்றவைத்தோம் என்பதோடு வேலை முடிந்தது. லவுஞ்சில் எனக்குக் கொடுத்த சிகாரின் முனையை நான் வெட்டிய விதத்தைப் பார்த்து அந்தக் கையுறை இளைஞர் கண்ணை மூடிக்கொண்டதை இன்னும் மறக்கவில்லை. அன்று வந்த பில் தொகையை மேலதிகாரிதான் கட்டினார். அது எங்கள் வீட்டு ஒரு மாத மளிகைச் செலவுக்குச் சமம்.

கடைக்குப் பின்னால் ஒரு முற்றம் உண்டு. முன்பெல்லாம் கடைக்குள்ளேயே சுவரோரம் ஒரு பெஞ்சு கிடந்தது. தாத்தா அதில் உட்கார்ந்துதான் பிடிப்பார். பொது இடங்களில் புகைபிடிக்கத் தடை 2008 அக்டோபர் 2 முதல் கடுமையாக்கப்பட்டபோது பெஞ்சு முற்றத்துக்குப் போய்விட்டது. 30 அறைகளாவது உள்ள ஓட்டல், 30 பேராவது உட்காரக்கூடிய உணவகம், விமான நிலையம் ஆகியவற்றில்தான் புகைப்பதற்கென்று தனி இடம் ஒதுக்கிக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. தோல் நாற்காலிக்கு விதிவிலக்கு உண்டு, மர பெஞ்சுக்கு இல்லை. இதில் எனக்கு வருத்தம் இருக்கிறதா என்று கேட்டால், விதிவிலக்கு இருப்பதில்தான் வருத்தம்.

முற்றத்தில் மூன்று பேர் இருந்தார்கள். இரண்டு பெரியவர்கள், மூன்றாவது, சந்தையில் கீரை விற்கும் ஒரு பாட்டி. பாட்டி பாதி பிடித்ததும் கங்கைச் சுவரில் தேய்த்து அணைத்து, மீதியைச் சுருக்குப் பையில் போட்டுக்கொண்டார். அணைத்துப் பிடித்தால் கசக்காதா என்று கேட்டேன். “கசக்கும், அதுக்குன்னு எறிய முடியுமா சாமி” என்றார். பெரியவர்கள் பேசிக்கொள்ளவே இல்லை. ஒருவர் ஏறத்தாழ நிமிடத்துக்கு ஒரு முறை சுருட்டை வாய்க்குக் கொண்டுபோனார். இடைப்பட்ட நேரத்தில் சாம்பல் ஒரு விரற்கடைக்கு வளர்ந்தும் உதிராமல் நின்றது. நிமிடத்துக்கு ஓர் இழுப்புக்கு மேல் கூடாது என்று லவுஞ்சிலும் சொன்னார்கள். அங்கே அது அட்டையில் அச்சடித்த அறிவுரை. இங்கே யாரும் எண்ணியதாகத் தெரியவில்லை.

நானும் மரப்பெட்டியிலிருந்து ஒன்றை வாங்கிப் பற்றவைத்தேன். முதலில் வெல்லப்பாகின் வாடை, பிறகு மிளகின் காரம், பாதிக்கு மேல் வேப்பங்கொட்டைக் கசப்பு. மூன்றில் ஒரு பங்கோடு நிறுத்திக்கொண்டேன். தலை லேசாகச் சுற்றியது. சுருட்டுப் புகையை யாரும் நெஞ்சுக்குள் இழுப்பதில்லை, வாயிலேயே வைத்திருந்து விட்டுவிடுகிறார்கள். அதனால் கெடுதல் இல்லை என்பதுதான் தாத்தாவின் வாதம். உண்மையில் இந்தப் புகை காரத்தன்மை உள்ளது என்பதால் நிக்கோட்டின் வாயின் உட்தோல் வழியாகவே ரத்தத்தில் ஏறிவிடுகிறது. நுரையீரல் வரை போக வேண்டிய அவசியமே அதற்கு இல்லை. பெரிய சிகார் ஒன்றில் ஒரு பாக்கெட் சிகரெட்டில் இருக்கும் அளவு புகையிலை இருக்கக்கூடும். தாத்தாவுக்குக் குரல் கம்மத் தொடங்கி, தொண்டைப் புற்று என்று தெரிவதற்குள் எட்டு மாதங்கள் கடந்துவிட்டன. கடைசி வருடத்தில் அவர் சிலேட்டில் எழுதித்தான் எங்களோடு பேசினார். கடைக்காரரிடம் இதைச் சொன்னபோது அவர், “தெரியும் தம்பி. எங்கப்பாவும் அதேதான்” என்று சொல்லிவிட்டுக் கலயத்துத் துணியைச் சரிசெய்தார். அவர் சுருட்டு பிடிப்பதில்லை. எந்த வயதிலும் பிடித்ததில்லையாம்.

சாமிக்கு ஐந்து சுருட்டைக் கட்டிக் கொடுத்தார். கட்டின் மேல் எச்சரிக்கைப் படம். 2016 ஏப்ரல் முதல் உறையின் இரு பக்கமும் 85 சதவீதத்தை அதற்கு விட வேண்டும் என்பதால், தயாரிப்பாளரின் பழைய முத்திரை ஒரு கோடாகச் சுருங்கி அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. படையலில் அதை எப்படி வைப்பது என்று அம்மா யோசித்தார். கடைசியில் உறையைப் பிரித்துவிட்டு, வாழை இலையில் சுருட்டுகளை மட்டும் அடுக்கினார்.

ஞாயிற்றுக்கிழமை உச்சிவேளையில் பூசாரி ஒரு சுருட்டைத் தம் வாயில் வைத்துப் பற்றவைத்து, மூன்று இழுப்பு இழுத்துக் கங்கு பிடித்ததைப் பார்த்த பிறகு முனியப்பனின் வாயில் செருகினார். மேட்டின்மீது காற்று நன்றாக அடித்தது. பொங்கல் பொங்கி, கிடா வெட்டி, திருநீறு கொடுத்து முடிக்கும்வரை அது கனிந்துகொண்டே இருந்தது. சாம்பல் வளைந்து, சாமியின் மீசையைத் தொட்டுக்கொண்டு நின்றது. பூசாரி என் பக்கம் திரும்பி, எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்று கேட்டார்.