லெய்செஸ்டர் என்று ஓர் ஊர் இல்லை

இங்கிலாந்துக்கு வந்த புதிதில் நம்மவர்களைத் திணறடிப்பது இலக்கணம் அல்ல, ஊர்ப்பெயர்கள்தான். எழுத்துக்கூட்டி 'லெய்செஸ்டர்' என்று டிக்கெட் கேட்டால் கவுண்டரில் இருப்பவர் விழிப்பார். அது லெஸ்டர். எழுத்தில் அதே 'செஸ்டர்' வால் கொண்ட வுஸ்டர், குளொஸ்டர், பிஸ்டர் எல்லாவற்றிலும் நடுவில் இருப்பதை விழுங்கிவிடுகிறார்கள். சூத்திரம் பிடிபட்டது என்று நிமிர்ந்தால் சைரன்செஸ்டர் வந்து நிற்கும். அங்கே ஒன்றையும் விழுங்கக் கூடாது! அந்த வாலுக்கு மூலம், ரோமானியப் படைமுகாமைக் குறித்த 'காஸ்ட்ரா' என்ற லத்தீன் சொல். மான்செஸ்டரில் ஒட்டியிருப்பதும் அதுவே.

வில்லியம் காக்ஸ்டன் 1476-ல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் வைத்தார். அதன்பின் அச்சு மெல்ல மெல்ல எழுத்தை இறுக்கிப் பிடித்தது. பேச்சு அதன் போக்கில் மாறிக்கொண்டே போனது. போர்வீரனைக் குறிக்கும் 'நைட்'டின் முன்னால் ஊமையாக நிற்கும் 'கே' ஒருகாலத்தில் ஒலித்த எழுத்துதான். கடனைக் குறிக்கும் 'டெட்'டில் உள்ள 'பி'யின் கதை வேறு. பிரெஞ்சிலிருந்து 'பி' இல்லாமல் வந்த சொல் அது. லத்தீன் பூர்வீகம் தெரியட்டும் என்று படித்தவர்கள் பிற்பாடு செருகிவிட்டார்கள். அந்தப் பெரியவர்களின் புலமைக்கு இன்று பிள்ளைகள் டிக்டேஷனில் மார்க் இழக்கிறார்கள்.

நம் பக்கமும் சிக்கல் உண்டு. கடல், தங்கம், அகம் மூன்றிலும் 'க' ஒரே மாதிரியா ஒலிக்கிறது? இடம் பார்த்து ஒலியை மாற்றுவது நமக்குப் பழக்கம்தான். ஆனால் 'வ' ஒன்றே ஒன்று. இங்கே இரண்டு வேண்டும். 'வெஸ்ட்' என்று மேல்பல் கீழுதட்டைத் தொடச் சொன்னால் உள்பனியன். உதட்டைக் குவித்து, பல் படாமல் சொன்னால் மேற்கு. கண்ணாடி முன் நின்று பழகினால் வந்துவிடும். அழுத்தம்தான் லேசில் வராது. 'ஃபோட்டோகிராஃப்' முதல் அசையில் கனக்கும்; 'ஃபொடாகிரஃபி' இரண்டாவதில். எல்லா அசைக்கும் சமமாக இடம் கொடுத்துப் பேசினால், ஒவ்வொரு சொல்லும் சரியாக இருந்தும் எதிரில் இருப்பவர் 'சாரி?' என்பார்.

காலையில் அலுவலகத்தில் 'ஆல் ரைட்?' என்று கேட்பது நலம் விசாரிப்பு அல்ல, வணக்கம். முழங்கால் வலியை ஆரம்பிக்காமல் 'ஆல் ரைட்?' என்றே திருப்பிச் சொல்லிவிட்டு நடக்கலாம். உங்கள் வேலையை மேலாளர் 'குவைட் குட்' என்றால் பெரும்பாலும் 'பரவாயில்லை' என்றுதான் அர்த்தம். 'நாட் பேட்' என்றால் சந்தோஷப்படலாம். அமெரிக்காவில் அதே 'குவைட் குட்' நிஜமான பாராட்டு. அங்கிருந்து மாற்றலாகி இங்கே வருபவர்கள் முதல் அப்ரைசலை முடித்துவிட்டு, சம்பள உயர்வை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பார்கள்.