மாப்ளவுக்குப் பதினாறு நாள்

ஜூலை 12, 2025, சனி

விடிகாலை நாலரைக்கு மாப்ளவின் அக்கா போன் பண்ணினார். "தம்பி, மாப்ள போயிட்டான்" என்றார். நான் வாய் திறப்பதற்குள் வைத்துவிட்டார். சட்டையை மாட்டிக்கொண்டு போனால் டீக்கடைக்காரர், பால்காரம்மா, எதிர்வீட்டு ரிட்டயர்டு வாத்தியார் என்று ஏழெட்டுப் பேர் எனக்கு முன்னாலேயே வாசலில் நிற்கிறார்கள். டீக்கடைக்காரர் அடுப்பைக்கூடப் பற்றவைக்காமல் வந்திருந்தார். இருபது வருஷத்துக்கு மேல் தினமும் காலையில் அவர் கடை ஷட்டரைத் தூக்கிவிட்டது மாப்ளதான். கடைசி மூன்று வருஷமாகத்தான் இல்லை.

வெளியூரில் இருந்து வாசிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் ரத வீதிக்குப் பின்னால் ஒரு சின்னத் தெருவில் ஜெராக்ஸ், டிடிபி கடை வைத்திருக்கிறேன். மாப்ள எங்கள் தெருக்காரன். டவுன் சிண்ட்ரோமோடு பிறந்தவன். வயது 54. ரேஷன் கார்டில் அவனுக்கு அழகான பெயர் ஒன்று உண்டு, ஆனால் அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்க்க மாட்டான். அவனுக்கு உலகத்தில் எல்லோரும் மாப்ள. என் அம்மா மாப்ள, சிலிண்டர் போட வருகிறவர் மாப்ள, ஒருமுறை கும்பிட்டபடி ஓட்டுக் கேட்டு வந்த வேட்பாளரும் மாப்ள. ஊரும் அவனை அப்படியே திருப்பிக் கூப்பிட்டது.

எழுதிவிட்டுப் பார்க்கிறேன், வரிக்கு வரி அவன், அவன். என்னைவிட எட்டு வயது மூத்தவர். இந்தத் தெருவில் ஒரு வயது மூத்தவரைக்கூட நான் அண்ணன் என்றுதான் சொல்வேன். பதிமூன்று வயதாகும் என் மகள் "அப்பா, மாப்ள வந்திருக்கான்" என்று உள்ளே வந்து சொல்வாள். ஒருநாள்கூட நான் திருத்தியதில்லை.

சரி, இனிமேல் அவர்.

ஜூலை 13, ஞாயிறு

நேற்று சாயங்காலம் எடுத்தோம். கூட்டத்தைப் பற்றி எழுதப் போவதில்லை, நல்ல கூட்டம்.

மத்தியானமே தெருப் பையன்கள் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்கக் கடைக்கு வந்துவிட்டார்கள். வாசகத்தை போனில் எழுதி வைத்திருந்தார்கள்: 'எங்கள் தெருவின் தெய்வக் குழந்தையே'. டைப் பண்ண உட்கார்ந்தவன் நிறுத்திவிட்டேன். "குழந்தை எங்கடா, மீசையைப் பாரு" என்றேன். மாப்ளவுக்கு மீசையில் பெரிய கவனம். மாதம் ஒருமுறை சலூனுக்குப் போய் ஒதுக்கிக்கொள்வார், கொஞ்சம் கோணலாகிவிட்டால் அன்று முழுக்க அந்தக் கடைக்காரரோடு பேச மாட்டார். பையன்கள் விட்டுக்கொடுக்கவில்லை. "பாசமாத்தானண்ணே போடுறோம்" என்றார்கள். பாசம்தான், அதில் எனக்கும் சந்தேகமில்லை.

அப்புறம் போட்டோ. என் கம்ப்யூட்டரில் 'மாப்ள' என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது, 2009-ல் இருந்து அடையாள அட்டை, உதவித்தொகை, ஆதார் என்று ஒவ்வொன்றுக்கும் எடுத்த பாஸ்போர்ட் சைஸ் படங்கள். வரிசையாகத் திறந்து பார்த்தேன். முதலில் சிரிப்பு, பிறகு கேமராவைப் பார்க்கிற சிரிப்பு, கடைசி இரண்டு படங்களில் என்னைப் பார்க்கவே இல்லை, எனக்குப் பின்னால் சுவரில் எதையோ பார்க்கிறார். 2016-ல் எடுத்ததைப் போட்டேன்.

பெயருக்குக் கீழே மின்வாரியம் ஓய்வு, நகராட்சி ஓய்வு என்று போடுவது இங்கே வழக்கம். இவருக்கு என்ன போடுவது என்று கேட்டேன். ஒருத்தன், "அவருதான் வேலைக்கே போகலியேண்ணே" என்றான். அவர் என்று சொன்னான், அதைக் கவனித்தேன். மற்றது பொய்.

ஜூலை 15, செவ்வாய்

வேலைக்குப் போகாத மனுஷனின் ஒரு நாளைச் சொல்கிறேன்.

அஞ்சு மணிக்கு டீக்கடை ஷட்டர். ஆறு மணிக்கு ஒரு பால்கோவா கடையின் பட்டறை. எங்கள் ஊர்ப் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, செய்தித்தாளில் எல்லாம் வந்தது, ஆனால் அது எப்படி உருவாகிறது என்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். பெரிய இரும்புச் சட்டியில் பாலையும் சீனியையும் ஊற்றிவைத்து, விறகடுப்புச் சூட்டில், அடிபிடிக்காமல் நீளக் கரண்டியால் துழாவிக்கொண்டே இருக்க வேண்டும். மாப்ளவைத் துழாவ விடமாட்டார்கள். விறகு எடுத்துக் கொடுப்பது, பால் கேன் கழுவுவது, அட்டைப் பெட்டி மடிப்பது அவர் வேலை. பெட்டி மடிப்பதில் அந்தப் பட்டறையில் அவரை அடிக்க ஆள் கிடையாது, விளிம்பு துளி பிசகாது. அவருக்கு எண்ணத் தெரியாது. ஒண்ணு, ரெண்டு, மூணு, அதற்குப் பிறகு நேரே ஏழு. ஆனாலும் பெட்டி அடுக்கு அவர் நெஞ்சு உயரம் வந்ததும் நிறுத்திவிட்டு அடுத்த அடுக்கை ஆரம்பிப்பார், கடைக்காரர் அந்த உயரத்தை வைத்தே கணக்குப் போட்டுக்கொள்வார்.

இருபத்திரண்டு வருஷம் இது நடந்தது. கூலி ஒரு டீ, ஒரு வடை, இருபது ரூபாய். அந்த இருபதும் கடைசிவரை இருபதுதான். நான் ஒருதடவை கேட்டேன், ஒரே ஒருதடவைதான் கேட்டேன், அதையும் சொல்லிவிட வேண்டும். "அவனுக்கு எதுக்குங்க காசு? இங்க வந்து சந்தோஷமா இருக்கான்ல" என்று பதில் வந்தது. நான் டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். சந்தோஷமாக இருந்தார் என்பதும் உண்மை. சந்தோஷமாக வேலை பார்க்கிற மற்றவர்களுக்குச் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டா கொடுக்கிறோம்?

இத்தனைக்கும் மாப்ள பால்கோவாவைத் தொடமாட்டார். இனிப்பே ஆகாது. அவருக்கு சாத்தூர் காராச்சேவு வேண்டும், அதுவும் பூண்டு மணக்க.

ஜூலை 18, ஆடி முதல் வெள்ளி

துக்கம் விசாரிக்க வந்த ஒரு அம்மா, "போகட்டும் தாயி, உனக்கும் இனி ஒரு விடுதலை" என்று அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அக்கா கையை உருவிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார். நான் டம்ளர் எடுக்கிற சாக்கில் பின்னாலேயே போனேன்.

மாப்ளவின் அம்மா எனக்கு நன்றாக நினைவிருக்கிறார். 1971-ல் மாப்ள பிறந்தபோது டாக்டர், பத்து வயசு தாண்டுவது கஷ்டம் என்று சொல்லியிருக்கிறார். அந்தக் காலத்தில் அப்படிச் சொன்னதில் தப்புமில்லை. அமெரிக்காவிலேயே 1983 வாக்கில் டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களின் சராசரி ஆயுள் 25 வருஷம்தான், இப்போது 60-ஐ ஒட்டி வந்திருக்கிறது. பத்து தாண்டி, இருபது தாண்டி, முப்பது தாண்டியதும் அந்த அம்மாவுக்கு வேறு பயம் பிடித்துக்கொண்டது. ஆண்டாள் சன்னதியில் நின்றுகொண்டு, "நான் கண்ணை மூடுறதுக்கு முந்தி இவனைக் கூப்பிட்டுக்கோ தாயே" என்று சத்தமாகவே வேண்டுவார். பக்கத்தில் மாப்ள கன்னத்தில் போட்டுக்கொண்டு நிற்பார். பிள்ளை முன்னால் போக வேண்டும் என்று பெற்றவள் கேட்பதைக் கேட்டு ஒருத்தரும் அங்கே முகம் சுளித்ததில்லை. இப்படி ஒரு பிள்ளை உள்ள எத்தனையோ வீடுகளில் இதே வேண்டுதல்தான்.

அந்த அம்மா 2011-ல் போய்விட்டார். மாப்ள அக்காவிடம் வந்தார். அடுப்படியில் அக்கா சொன்னார்: "அம்மா கேட்டது அவளுக்குப் பலிக்கல தம்பி, எனக்குப் பலிச்சிருச்சு. நான் அப்படிக் கேக்கவே இல்லயே." கொஞ்ச நேரம் கழித்து, "ஒருநா கேட்டேன். போன மாசம்" என்றார். நான் டம்ளரைக் கழுவிக்கொண்டே இருந்தேன்.

ஜூலை 22, செவ்வாய்

ஆடிப்பூரத்துக்குக் கொடியேறிவிட்டது. கடையில் நோட்டீஸ் வேலை நெருக்குகிறது, அதற்கு நடுவில் அக்காவின் பேப்பர்கள். இறப்புச் சான்றிதழைக் கொடுத்து மாதம் 2000 ரூபாய் பராமரிப்புத் தொகையை நிறுத்தச் சொல்ல வேண்டும். வாங்குவதற்கு அலைந்த அலைச்சலில் கால்வாசிகூட இல்லை நிறுத்துவதற்கு.

ஃபைலைப் புரட்டினால் ஒரே மனுஷனுக்கு எத்தனை பெயர்கள். பழைய சர்டிபிகேட்டில் 'மனவளர்ச்சி குன்றியவர்', 75 சதவீதம். அப்புறம் 'மாற்றுத்திறனாளி' வந்தது. 2016 சட்டத்துக்குப் பிறகு 'அறிவுசார் குறைபாடு'. அந்தச் சட்டம் வந்தபோது குறைபாடுகளின் பட்டியல் 7-லிருந்து 21 ஆனது, அதை ஒரு சங்கத்துக்காக நானே டைப் அடித்தேன். தெருவில் சொல்கிற பெயரை நான் இங்கே எழுதவில்லை, உங்களுக்கே தெரியும்.

பாதுகாவலர் சான்றிதழும் இருக்கிறது. 1999-ல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ் பதினெட்டு வயது தாண்டிய இவர்களுக்குச் சட்டப்படி ஒரு பாதுகாவலரை நியமிக்கலாம், கலெக்டர் இருக்கிற உள்ளூர்க் குழு அதைக் கொடுக்கும். பெற்றவர்கள் உயிரோடு இருக்கும்போதே அடுத்து யார் என்று பேசி, இதையெல்லாம் எழுதி வைத்துவிடுவது நல்லது. அந்த அம்மாவுக்கு யாரும் சொல்லவில்லை. அவர் போன பிறகு அக்கா விருதுநகருக்கு ஐந்து தடவை பஸ் ஏறினார். ஐந்து தடவையும் மாப்ள கூடப் போனார், அவருக்கு அது டூர். இப்படி ஒருவர் வீட்டில் இருந்தால் நிராமயா காப்பீட்டையும் விசாரித்துப் பாருங்கள், 1 லட்சம் வரை மருத்துவச் செலவுக்குக் கிடைக்கும்.

ஓட்டர் ஐடியும் இருந்தது. நிறையப் பேருக்கு இது தெரியாது. கோர்ட்டு சித்தசுவாதீனம் இல்லாதவர் என்று தீர்ப்புச் சொல்லியிருந்தால் ஒழிய ஓட்டு உண்டு. 2024 ஏப்ரல் 19 அன்றுகூட அக்கா கையைப் பிடித்துக்கொண்டு வந்து போட்டார். முந்தைய தேர்தல்களில் எல்லாம் மை வைத்த விரலைப் பத்து நாளைக்குத் தெரு முழுக்கக் காட்டுவார். அன்று அதைத் துடைத்துக்கொண்டே வீட்டுக்குப் போனார்.

ஜூலை 24, வியாழன்

இன்று ஐந்து கருட சேவை. போகவில்லை. எழுதியே ஆக வேண்டியது ஒன்று இருக்கிறது, தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன்.

2022-ல் ஆரம்பித்தது. சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வந்தார். படி இறங்கப் பயந்தார், பெட்டி மடிக்கும்போது பாதியில் கையை வைத்துக்கொண்டு பார்த்தபடியே இருந்தார். பிடிவாதம் என்றார்கள், செல்லம் கொடுத்துக் கெடுத்தாயிற்று என்றார்கள். மதுரையில் ஒரு டாக்டர்தான் உட்காரவைத்து விளக்கினார். நமக்கு இரண்டு இருக்கிற 21-ஆம் குரோமோசோம் இவர்களுக்கு மூன்று. மூளையில் படிந்து அல்சைமர் நோயைக் கொண்டுவருகிற அமிலாய்டு என்ற புரதத்துக்கு மூலமான மரபணு அந்தக் குரோமோசோமில்தான் இருக்கிறது. அதுவும் மூன்று பங்காகிவிடுவதால் படிவது சீக்கிரமே தொடங்கிவிடுகிறது. நமக்கு எழுபது, எண்பதில் வரக்கூடியது இவர்களில் நிறையப் பேருக்கு ஐம்பதிலேயே வருகிறது. தைராய்டு குறைந்தாலும் இப்படித் தெரியும் என்று முதலில் அதைச் சோதித்துவிட்டுத்தான் சொன்னார்.

ஒருநாள் கடைக்கு வந்து நின்றவர் என்னைப் பார்த்து "சார்" என்றார். வாழ்க்கையில் யாரையும் சார் என்று கூப்பிடாத மனுஷன். அன்று கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டேன்.

அதற்குப் பிறகு சாயங்காலமானால் ஸ்டேஷனுக்குப் போக வேண்டும் என்பார். "அம்மா வண்டில வருது." அக்கா கதவைப் பூட்டி வைத்தார். ஏன் ஸ்டேஷன் என்று அக்காவுக்குப் புரியவில்லை, முன்னாலேயே அவர் பொதிகை எக்ஸ்பிரஸ் பார்க்கப் போகிறவர்தானே, அந்தப் பழக்கம் என்று நினைத்துக்கொண்டார். பழக்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். 1990, எனக்குப் பதினொரு வயது. அவர்கள் அம்மா ஒரு கல்யாணத்துக்கு வெளியூர் போயிருந்தார். நானும் இன்னும் இரண்டு பையன்களும், "மாப்ள, உங்கம்மா ரயில்ல வருது, போய்க் கூட்டிட்டு வா" என்று அனுப்பிவிட்டு வயிறு வலிக்கச் சிரித்தோம். அப்போது மீட்டர் கேஜ். ஒவ்வொரு வண்டியாகப் பார்த்துக்கொண்டு ராத்திரி பத்து மணிவரை பெஞ்சில் உட்கார்ந்திருந்திருக்கிறார். தேடிக் கண்டுபிடித்தவர் என் அப்பா. யார் அனுப்பினது என்று கேட்டதற்கு மாப்ள சொன்ன பதில், "மாப்ள சொன்னான்". அவருக்கு எல்லோருமே மாப்ள, அதனால் நான் தப்பித்தேன். முப்பத்தைந்து வருஷம்.

மற்ற இரண்டு பேருக்கும் நினைவிருக்கிறதா என்று தெரியவில்லை. அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை.

ஜூலை 27, ஞாயிறு

பதினாறாம் நாள். படையலில் காராச்சேவு வைத்தார்கள். பால்கோவா கடையிலிருந்து இரண்டு கிலோ பெட்டி ஒன்று வந்தது, அக்கா அதைப் பிரிக்காமலே பந்தியில் பரிமாறுகிற பையன்களிடம் கொடுத்துவிட்டார். பெட்டி மடிப்பு சரியாக இல்லை. நான் மட்டும் பார்த்தேனா தெரியவில்லை.

பந்தி முடிந்து எல்லோரும் போன பிறகு ஸ்டேஷன் விஷயத்தைச் சொன்னேன். அக்கா ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "அன்னைக்கு வீட்டுக்கு வந்ததும் ரயிலு எம்புட்டு நீளம்னு கையை விரிச்சு விரிச்சுக் காட்டுனான்" என்றார். மன்னித்தாரா இல்லையா என்று இதில் எதைக் கண்டுபிடிப்பது? சாப்பிட்ட இலையை நானே எடுத்துப் போட்டேன்.

ஜூலை 28, திங்கள், ஆடிப்பூரம்

தேர். வழக்கம்போல எங்கள் தெரு முக்கில் நீர்மோர்ப் பந்தல். மோர் ஊற்றுவது மாப்ளவின் பொறுப்பு, ஓர் ஆளுக்கு இரண்டு டம்ளர் கொடுப்பார். "ஒண்ணு போதும்" என்றால் விடமாட்டார், மறு கையைப் பிடித்துத் திணிப்பார். ஒரு கைக்கு ஒன்று என்பது அவர் கணக்கு. வருஷாவருஷம் மோர் பற்றாமல் போகும், நாங்களும் வருஷாவருஷம் திட்டுவோம்.

இந்த வருஷம் நான் ஊற்றினேன். "கோவிந்தா, கோபாலா" சத்தம் கிட்டே வந்துவிட்டது, வடம் பிடித்தவர்கள் வேர்வையோடு ஓடி வந்து வாங்கிக் குடித்துவிட்டுத் திரும்ப ஓடுகிறார்கள். ஒரு சின்னப் பையன், நாலாவது படிப்பான், ஒரு டம்ளரை வாங்கிக்கொண்டு மற்றக் கையை நீட்டியபடியே நிற்கிறான். "என்னடா?" என்றேன். "அவரு ரெண்டு குடுப்பாரு" என்றான்.

பத்தரைக்கே அண்டா காலி. பால்காரம்மாவிடம் இன்னும் பதினைந்து லிட்டர் தயிருக்கு ஆள் அனுப்பியிருக்கிறேன், வந்துகொண்டிருக்கிறது.